தொட்டியில் தயாரான முதலைக் கண்ணீர்

ஒரு காட்டில் ஒரு சிங்கம் இருந்தது. அதற்கும் இந்தக் கதைக்கும் சம்பந்தமில்லை. சம்பந்தப்பட்டவள் பூரணம் என்கிற நீர்நாய். ஆற்றங்கரையில் இருந்துகொண்டு, காட்டுக்கே இட்லி மாவு அரைத்துப் புளிக்கவைத்துக் கொடுத்துவந்தாள். மாவு பொங்கினால் அவள் முகம் மலரும். பொங்காத நாளில் வீட்டில் யாரும் வாயைத் திறக்கக் கூடாது. அவள் புருஷன் பூதலிங்கம் ஆற்றில் மீன் பிடிப்பான். பிடித்த மீனைவிட நழுவிப்போன மீனைப் பற்றித்தான் அதிகம் பேசுவான்.

அந்த வருஷம் கோடையில் புழுதிக்காற்று கிளம்பியது. வந்த காற்று திரும்பிப் போகவில்லை. இரண்டே மாதத்தில் காட்டில் எல்லாருக்கும் கண் வறண்டுவிட்டது. இமையை மூடித் திறந்தால் உப்புத்தாளால் தேய்த்த மாதிரி எரிந்தது. குரங்குகள் கிளையென்று நினைத்துக் காற்றைப் பிடித்து விழுந்தன. ஒரு மான் புலியின் மேல் போய் மோதி, "மன்னிச்சுக்கோங்க, கவனிக்கல" என்றது.

"பரவாயில்லை. நீங்க யாரு?" என்றது புலி.

மான் கொஞ்சம் யோசித்து, "மரம்" என்றது.

பூதலிங்கத்தின் நிலைமை இன்னும் மோசம். கண்ணில் வெள்ளையாகப் படலம் விழுந்துவிட்டது. மீனென்று நினைத்துக் கூழாங்கல்லைக் கடித்து ஒரு பல் போயிற்று. அப்புறம் அவன் ஆற்றில் இறங்கவே இல்லை. கரையில் உட்கார்ந்து தண்ணீர்ச் சத்தத்தை மட்டும் கேட்டுக்கொண்டிருந்தான். நழுவிப்போன மீனைப் பற்றிக்கூடப் பேசவில்லை. பூரணத்துக்கு அதுதான் பயமாக இருந்தது.

மருந்து கிடைத்தது தற்செயலாக. ஆற்று மடுவில் வடிவு என்று ஒரு முதலை. ஒரு நாள் அவள் தன் பழைய சிநேகிதியான ஆமையைத் தின்றுகொண்டிருந்தாள். தின்னும்போது அழுவது அவள் குலவழக்கம். அந்தக் கண்ணீரில் ஒரு சொட்டு, பக்கத்தில் குருடாக உட்கார்ந்திருந்த தவளையின் கண்ணில் விழுந்தது.

"தெரியுது! எனக்குக் கண்ணு தெரியுது!" என்று தவளை குதித்தது. அடுத்தபடியாக எதிரே இருப்பது யார் என்பதும் தெரிந்தது. அன்று அது அக்கரைக்குப் போய்ச் சேர்ந்த வேகத்தை இதுவரை எந்தத் தவளையும் முறியடிக்கவில்லை.

ஒரு சொட்டு விட்டால் ஒரு நாள் முழுக்கக் கண் தெரியும். செய்தி பரவியது. மறுநாள் காலையில் மடுவின் கரையில் வரிசை நின்றது. டோக்கன் கொடுத்தார்கள். வடிவுதான் அழ மாட்டேன் என்றாள். வெங்காயம் உரித்துக் காட்டினார்கள். கரடி தன் கல்யாணக் கதையை முழுவதும் சொன்னது. வரிசையில் பாதிப் பேர் தேம்பினார்கள். வடிவு கொட்டாவி விட்டாள்.

"வாயில ஏதாச்சும் இருந்தாத்தாம்யா எனக்கு அழுகை வரும்" என்றாள்.

மீன் கொடுத்தார்கள்.

"மீனுக்கெல்லாம் அரைச் சொட்டுதான். முன்னபின்ன பழகினவுகளா இருக்கணும். அப்பத்தான் மனசு இளகும்."

அன்றிலிருந்து ஏற்பாடு இப்படி ஆயிற்று: வரிசையில் முதலில் நிற்பவர் உள்ளே போவார். பின்னால் நிற்கும் பத்துப் பேருக்கு ஆளுக்கொரு சொட்டு கிடைக்கும். காட்டில் திடீரென்று மரியாதை பெருகியது. "நீங்க முன்னால போங்க", "ஐயோ, நீங்க பெரியவங்க", "இல்லை இல்லை, கைக்குழந்தைக்காரங்க முதல்ல" என்று எல்லாரும் எல்லாருக்கும் வழிவிட்டார்கள். இருந்தாலும் தினமும் காலையில், தான் நிற்குமிடம் எதுவென்று கண் தெரியாத யாராவது ஒருவர் முதலில் போய் நின்றுவிடுவார்.

ஒரு நாள் அங்கே நின்றது பூதலிங்கம். பூரணம் ஓடிப்போய் வாலைப் பிடித்து இழுத்து வந்தாள்.

"விடுட்டி. எத்தனை நாள் நான் இப்படியே உக்காந்திருக்க?" என்றான் அவன்.

"கண்ணு தெரியாத புருஷன் எனக்குப் போதும். முதலை வயித்துக்குள்ள இருக்குற புருஷன் வேண்டாம்."

அன்று அவள் மாவுப் பானை முன்னால் உட்கார்ந்து வெகுநேரம் யோசித்தாள். மாவைப் பொங்கவைப்பது யார்? கண்ணுக்குத் தெரியாத சின்னஞ்சிறு உயிர்கள். அவற்றில் ஈஸ்ட் என்று ஓர் இனம். கொஞ்சம் இனிப்புக் கொடுத்தால் போதும், இரவு பகல் பாராமல் உழைக்கும், ஒன்று இரண்டாகும், இரண்டு நாலாகும். முதலையின் கண்ணீரை எப்படிச் செய்வது என்கிற குறிப்பு முதலையின் உடம்பில் எங்கே கிள்ளினாலும் எழுதித்தான் இருக்கும். அந்தக் குறிப்பை மட்டும் வெட்டியெடுத்து ஈஸ்ட்டின் உள்ளே ஒட்டிவிட்டால்? ஈஸ்ட்டுக்கு வாசிக்கத் தெரியும், கேள்வி கேட்கத் தெரியாது. எந்தத் தாளைக் கொடுத்தாலும் அதன்படி செய்துவிடும்.

வெட்டி ஒட்டும் வேலைக்கு அவள் செம்மணியைப் பிடித்தாள். செம்மணி, இலைகளை இழுத்துத் தைத்துக் கூடு கட்டும் முசுறு எறும்பு. தையலில் கெட்டிக்காரி.

"துணி எங்கே?" என்று கேட்டாள் செம்மணி.

துணிதான் பிரச்சினை. முதலையிடமிருந்து ஒரு கிள்ளு வேண்டும். பூரணம் மடுவுக்குப் போனாள்.

"வடிவக்கா..."

முதலை ஒரு கண்ணைத் திறந்தாள். "அக்காங்கியே, அப்ப நமக்குப் பழக்கம் உண்டோ?" என்றாள். கண்ணோரம் லேசாக ஈரம் கட்டியது.

பூரணம் ஓரடி பின்வாங்கினாள். "இல்லைங்க! பழக்கமே இல்லைங்க! நான் வெளியூரு. வழி கேட்க வந்தேன்."

"பாத்த முகமா இருக்கே."

"எல்லாரும் அப்படித்தாங்க சொல்றாங்க. பல்லுல ஏதோ ஒட்டியிருக்கு, எடுத்துவிடட்டுமா?"

வடிவுக்கு அது பிடித்த உபசாரம். வாயைப் பிளந்தாள். பூரணம் கண்ணை மூடிக்கொண்டு கையை உள்ளே விட்டாள். ஈறிலிருந்து ஒரு கிள்ளு கிள்ளினாள். வாய் படாரென்று மூடியது. கை தப்பியது, மீசையில் மூன்று முடி போயிற்று. ஓடிவந்து செம்மணியின் முன்னால் கையை விரித்தாள்.

செம்மணி ஒன்பது நாள் வெட்டினாள், ஒட்டினாள். ஈஸ்ட்டை ஒரு சுரைக்குடுக்கையில் விட்டுக் கருப்பட்டிப் பாகு ஊற்றினார்கள். நாலாம் நாள் சிலந்திவலையை ஏழு மடிப்பு மடித்து அதில் வடிகட்டினார்கள். அடியில் தெளிவாக ஒரே ஒரு சொட்டு நின்றது. பூரணம் அதைப் பூதலிங்கத்தின் கண்ணில் விட்டாள்.

அவன் நாலு தரம் இமைத்தான். வானத்தைப் பார்த்தான். ஆற்றைப் பார்த்தான். அப்புறம் அவளைப் பார்த்துக்கொண்டே இருந்தான்.

"ஏட்டி, ஒரு பக்கத்து மீசை எங்க?" என்றான்.

பூரணம் அன்றுதான் முதன்முதலாக அழுதாள். அது சாதாரணக் கண்ணீர். எதற்கும் உதவாது.

ஒரு குடுக்கைக்கு ஒரு சொட்டு. காட்டில் இருப்பதோ நாலாயிரம் ஜோடிக் கண்கள். ஆகவே பாறைக்குள் இருந்த யானைக் குளியல் பள்ளத்தையே தொட்டியாக்கினார்கள். குடுக்கையில் ஒரு மடங்கு போட்டது எல்லாம் தொட்டியில் பத்தாயிரம் மடங்கு போட்டார்கள். மூடினார்கள். காத்திருந்தார்கள்.

குடுக்கையில் சமர்த்தாக இருந்த ஈஸ்ட்டுக்குத் தொட்டியில் கூட்டம் தாங்கவில்லை. அடியில் இருந்தவற்றுக்கு மூச்சுவிடக் காற்றில்லை. காற்றில்லாத ஈஸ்ட் கையிலிருக்கும் இனிப்பையெல்லாம் கள்ளாக்கிவிடும், அது அதன் சுபாவம். மூன்றாம் நாள் மத்தியானம் மூடி பறந்தது. நுரை பொங்கியது. நுரை கரையேறியது, மரமேறியது, குரங்குகளின் இடுப்பு வரை வந்தது. நக்கிப் பார்த்தார்கள். நன்றாக இருந்தது. இன்னும் நக்கினார்கள்.

சாயங்காலத்துக்குள் காடே ஆடியது. மரம் என்று சொன்ன மானைப் புலி கட்டிப்பிடித்து, "உன் நிழல்ல எவ்வளவு நாள் படுத்திருக்கேன் தெரியுமா!" என்று விம்மியது. காண்டாமிருகத்தைத் தேடிப் போன கரடி, இந்தக் காட்டில் காண்டாமிருகமே கிடையாது என்பது ஞாபகம் வந்து ஒப்பாரி வைத்தது. ஒருவருக்கும் கண் தெரியவில்லை. ஒருவருக்கும் அதைப் பற்றிக் கவலையுமில்லை.

மறுநாள் தலைவலியோடு பூரணம் தப்பைத் திருத்தினாள். யானையைக் கூப்பிட்டுத் தும்பிக்கையைத் தொட்டிக்குள் விட்டு ஊதச் சொன்னாள். அடிவரை குமிழியிட்டுக் காற்று போயிற்று. சூடு ஏறாமல் இருக்கத் தொட்டியைச் சுற்றி ஈர வாழைமட்டை கட்டினாள். நுரை கிளம்பினால் ஒரு துளி எண்ணெய். நாலாம் நாள் குடம் குடமாகக் கண்ணீர் இறங்கியது.

கொடுக்கலாம் என்றால், அனுமதி வேண்டும் என்றார்கள். காட்டு மருந்துத் தரக்குழுவில் மூன்று ஓணான்கள். பூரணம் பதினாறு பக்கப் படிவத்தை நீட்டினாள். மூன்றும் தலையை ஆட்டின.

"ரொம்ப நன்றிங்க!"

"அவசரப்படாதே. நாங்கள் எப்போதும் தலையாட்டிக்கொண்டுதான் இருப்போம். அதற்குச் சம்மதம் என்று அர்த்தமில்லை" என்றது தலைமை ஓணான். "கேள்வி பன்னிரண்டை நீ நிரப்பவில்லை. இந்த ஈஸ்ட் எந்தத் துக்கத்தால் அழுகிறது?"

"அதுக்குத் துக்கமே கிடையாதுங்க."

"துக்கமே இல்லாமல் அழுகிறதா?"

"ஆமாங்க. உள்ளே ஒண்ணுமே இல்லைங்க. சும்மா வடியுது."

ஓணான்கள் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டன. "அப்படியென்றால் இது சுத்தமான முதலைக் கண்ணீரேதான்" என்று முத்திரை குத்தின.

தொட்டி திறந்தது. இலைக்கிண்ணத்தில் ஆளுக்கொரு சொட்டு, தினமும். யாரும் யார் வயிற்றுக்குள்ளும் போக வேண்டாம். நாலு நாளில் காட்டில் எல்லாருக்கும் கண் பளிச்சென்று தெரிந்தது. புலி மரத்தைப் பார்த்தது. மரம் நாலு கால் பாய்ச்சலில் ஓடியது. எல்லாம் பழையபடி நடக்க ஆரம்பித்தது.

ஐந்தாம் நாள் வடிவு மடுவின் கரையில் ஒரு பலகை நட்டாள். "அசல் முதலைக் கண்ணீர். இயற்கையானது. தொட்டியில் செய்ததல்ல."

பலகையை எல்லாராலும் தெளிவாகப் படிக்க முடிந்தது. அதுதான் வினையாயிற்று.

"தொட்டி மருந்து விட்டா வால் முளைக்குமாமே" என்றது ஒரு குரங்கு. ஏற்கெனவே வால் இருந்த எல்லாரும் நடுங்கினார்கள். "நம்ம முன்னோர் தொட்டியிலயா அழுதாங்க?" என்றது கரடி. மறுநாள் மடுவின் கரையில், முன்பு எப்போதும் இல்லாத நீளத்துக்கு வரிசை நின்றது. அதில் ஏழாவது ஆள் பூதலிங்கம்.

"நீங்களுமா?" என்றாள் பூரணம்.

"உன் மருந்தைக் குறை சொல்லலட்டி. கண்ணு தெரியுது. ஆனா இயற்கைன்னா இயற்கைதான்."

அவனோடு பேசிப் பயனில்லை. அவள் வரிசையைத் தாண்டி நேரே முதலையிடம் போனாள். வரிசையின் முதல் ஆளான முயல் வடிவின் வாய்க்குள் பாதி போயிருந்தது. வடிவோ கண்ணைச் சுருக்கிச் சுருக்கிப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு சொட்டும் வரவில்லை.

"என்னாச்சு?" என்று பூரணம் மெல்லக் கேட்டாள்.

வடிவு முயலைக் கீழே வைத்துவிட்டு, குரலைத் தாழ்த்தினாள். "ஏட்டி, அழுகை வரமாட்டேங்கு. பழகினவுக எல்லாரும் தீந்துட்டாக. இதுக யாருன்னே எனக்குத் தெரியலை. ஊரே கூடி நிக்கு. மானம் போயிரும்."

பூரணம் திரும்பி வரிசையைப் பார்த்தாள். நூற்று நாற்பது பேர். நல்ல கண்ணோடு, நம்பிக்கையோடு, ஒருவரையொருவர் இடித்துக்கொண்டு நின்றார்கள். முதலில் போவதற்கு இப்போது சண்டை வேறு. தன் புருஷனின் முழங்கை ஆறாவது ஆளின் விலாவில் இருந்ததையும் பார்த்தாள்.

"நான் அழவைக்கிறேன். ஆனா இனிமே யாரையும் வாயில வைக்கக் கூடாது" என்றாள்.

"அப்ப சாப்பாடு?"

"தினமும் ஒரு கூடை மீன் வரும்."

வடிவு பெருமூச்சு விட்டாள். "மீனா" என்றாள். பிறகு வரிசையைப் பார்த்தாள். சரி என்றாள்.

அன்று மத்தியானமே செம்மணியின் கூட்டத்தார் மூங்கில் குழாயொன்றைத் தொட்டியிலிருந்து புதருக்குள்ளாகவே கொண்டுவந்து, முதலையின் முதுகோடு வளைத்து, கண்ணோரத்தில் தைத்துவிட்டார்கள். யானை அங்கே ஊத, இங்கே வடிவின் கண்ணிலிருந்து பொலபொலவென்று கொட்டியது. அப்படியொரு அழுகையைக் காடு கண்டதில்லை. பார்த்தவர்களுக்கு மெய்சிலிர்த்தது. ஓணான்கள் நேரில் வந்து தலையாட்டின.

தினமும் ஒரு கூடை மீன் பிடித்துக் கொண்டுபோய்ப் படைப்பது பூதலிங்கத்தின் வேலையாயிற்று. அவன் அதைப் பெரிய பாக்கியமாக எடுத்துக்கொண்டான். முதல் நாள் படைத்துவிட்டு, கண்ணில் ஒரு சொட்டு வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தான். வாசலில் நின்று ஆற்றைப் பார்த்தான்.

"பாத்தியா பூரணம், அக்கரையில மணல் பொடிகூடத் தனித்தனியா தெரியுது. உன் தொட்டித் தண்ணியில இந்தத் தெளிவு வருமா?"

பூரணம் மாவைக் கரைத்துக்கொண்டே, "வராதுங்க" என்றாள்.

நீதி: மருந்து எந்தத் தொட்டியில் தயாரானாலும் குற்றமில்லை, வெளியே வரும்போது மட்டும் அது ஒரு முதலையின் கண் வழியாக வர வேண்டும்.