பத்து எண்ணுவதற்குள்

"சுத்தியல் எங்கேன்னு ஒரு வார்த்தை கேட்டா, அதுக்குப் போய்..."

"சு-ல இருக்குன்னு நானும் ஒரு வார்த்தைதானே சொன்னேன்..."

"சு எங்கம்மா இருக்கு?"

"சீ-க்கு அடுத்து, சூ-க்கு முன்னாடி. பள்ளிக்கூடம் போனீங்களா இல்லையா?"

"நான் பூட்டுக்காரன்மா, வாத்தியார் இல்ல! சுத்தியலுக்குப் பக்கத்துல உளி இருக்கணும், உளிக்குப் பக்கத்துல..."

"உளி உ-ல. எதிர்ப் பக்கம், மேல்தட்டு. ரெண்டும் எதுக்கு ஒட்டிக்கிட்டு இருக்கணும், என்ன அண்ணன் தம்பியா?"

பூட்டுக்காரர் வேனுக்குள் குனிந்தபடி நின்றிருந்தார். நிமிர்ந்தால் கூரை இடிக்கும். இடப்பக்கம் புது அலமாரி, வலப்பக்கம் புது அலமாரி, நடுவில் அவர் ஒருத்தர் மட்டும் திரும்பிக்கொள்ளும் அளவுக்கு இடம். அலமாரி முழுக்க பிளாஸ்டிக் பெட்டிகள். ஒவ்வொன்றின் நெற்றியிலும் ஓர் எழுத்து. அவர் மனைவி பதினோரு வருஷம் மருந்துக்கடையில் வேலை பார்த்தவள். அங்கே மாத்திரை எப்படி இருந்ததோ, அப்படியே இங்கே ரம்பம், அரம், ஆணி எல்லாம் அகரவரிசையில் உட்கார்ந்திருந்தன.

போன வாரம் வரை அந்த வேன் ஒரு குப்பைமேடு. ஆனால் அவருடைய குப்பைமேடு. கண்ணை மூடிக்கொண்டு கைவிட்டால் வேண்டியது கையில் ஏறும் என்று பெருமையடித்துக்கொண்டிருந்தார். அந்தப் பெருமைக்கு, இப்போது வேன் நிற்கும் சந்தின் சுவருக்கு மறுபக்கம் இருக்கிற குடியிருப்பில்தான் வேட்டு வைத்தார்கள். அறுநூறு வீடு, அறுநூறு கதவு. அங்கே சாவியைத் தொலைத்த ஓர் அம்மாள் தன் வீட்டு வாசலிலேயே முக்கால் மணி நேரம் நின்றாள், இவர் வேனுக்குள் ஒரு மெல்லிசுக் கொக்கியைத் தேடி முடிக்கும் வரை.

அந்தக் குடியிருப்பின் மேனேஜர் ரொம்ப அமைதியாகத்தான் பேசினார். "வியாழக்கிழமை நாலு மணிக்கு உங்க வேனைப் பார்க்க வருவேன். ஏதாவது ஒரு சாமான் பேரைச் சொல்வேன். பத்து எண்ணறதுக்குள்ள அது உங்க கையில இருக்கணும். இருந்தா, அறுநூறு கதவுக்கும் நீங்கதான். இல்லைன்னா 'ஒரு நிமிஷம்' இருக்காரு."

'ஒரு நிமிஷம்' என்பது ஆளின் பட்டப்பெயர். ஊரில் இருக்கிற இன்னொரு பூட்டுக்காரர். "எந்தப் பூட்டும் ஒரே நிமிஷத்தில்" என்று முதுகில் அச்சடித்த சட்டை போட்டுக்கொண்டு திரிகிறவர். அந்தப் பெயரைக் கேட்டாலே நம்மவருக்கு ரத்தம் கொதிக்கும்.

இன்றைக்குத்தான் வியாழக்கிழமை. மணி இரண்டரை. குடியிருப்பின் சுற்றுச்சுவரை ஒட்டிய சரிவான சந்தில் வேனை நிறுத்தி, கடைசிப் பெட்டிகளை அடுக்கிக்கொண்டிருந்தார்கள்.

"சரி, நான்தான் மேனேஜர்" என்றாள் மனைவி, பின்கதவருகே தெருவில் நின்றபடி. "கொறடு குடுங்க. ஒன்னு... ரெண்டு..."

"கொ... கொ... கொ எங்க?"

"நீங்க ஏன் கோழி மாதிரி கத்துறீங்க? கையை நீட்டுங்க. ஆறு... ஏழு..."

பதினேழில் கிடைத்தது.

"நாலு மணிக்குள்ள பதினேழைப் பத்தாக்கணும்" என்றாள் அவள். அதற்குள் சரிவில் ஒரு பெட்டி வழுக்கி வாசலை நோக்கி வந்தது. பின்னாலேயே இன்னொன்று. "ஐயோ, ஆ விழுது! ஆ-லதான் ஆணி!" என்று பதறி, பெட்டிகள் தெருவில் கொட்டாமல் இருக்கப் பின்கதவைப் படாரென்று சாத்தினாள்.

'க்ளிக்' என்றது.

சின்னச் சத்தம்தான். ஆனால் உள்ளே ஒரு கை கதவைத் தடவிப் பார்த்தது.

"ஏம்மா."

"என்னங்க?"

"கதவைத் திற."

"நீங்க திறங்க. கைப்பிடி உள்ளதானே இருக்கு?"

"காலையில அது அலமாரியில இடிச்சுது இல்ல? அறுத்துட்டேன்."

அறுத்தது மட்டுமா? அந்த இடத்தில் கனத்த இரும்புத் தகட்டை வைத்து அடித்து, "திருடன் உள்ள நுழைஞ்சாலும் வெளியே போக முடியாது" என்று பார்த்தவர்களிடமெல்லாம் மீசையை வேறு முறுக்கியிருந்தார். பூட்டும் அவரே போட்டது. சாத்தினால் தானே பூட்டிக்கொள்ளும், வெளியிலிருந்து சாவி போட்டால்தான் திறக்கும்.

மனைவி ஓடிப்போய்ப் பக்கக் கதவை இழுத்தாள். அது சுலபமாகத் திறந்தது. திறந்தால், எதிரே ஒட்டுப்பலகைச் சுவர். அலமாரியின் முதுகு.

"இந்தப் பக்கக் கதவை எவன் திறக்கப் போறான்னு நேத்து கேட்டீங்களே, நான் திறந்திருக்கேன்" என்று பலகையிடம் சொன்னாள். "ஸ்க்ரூவைக் கழட்டி இதைத் தள்ளுங்க."

"அத்தனை பாரமும் இதுல நிக்குது. ஒரு ஸ்க்ரூ கழண்டா அ-விலேர்ந்து ன வரைக்கும் என் தலைமேலதான்."

"முன்பக்கமா வாங்க."

"டிரைவர் சீட்டுக்கும் எனக்கும் நடுவுல இரும்புத் தடுப்பு. சும்மா சும்மா வழி சொல்லாத. வேன் சாவி இங்கதான் வச்சேன், இந்தத் தட்டுல. பின்கதவுல காத்து வர்ற ஓட்டை இருக்கு பாரு, அது வழியா தர்றேன், வெளியேருந்து திற."

கொஞ்ச நேரம் உருட்டும் சத்தம் கேட்டது.

"ஏம்மா, தட்டுல சாவி இல்லையே."

வெளியே அவள் நகத்தைக் கடித்தாள்.

"ஏம்மா!"

"சாவி எல்லாம் ஒரே இடத்துல இருக்கட்டும்னு..." குரல் இறங்கிப்போயிருந்தது. "சா-ல போட்டேன்."

சா பெட்டியில் அவர் தொழிலுக்காகச் சேர்த்து வைத்த சாவிகள் முந்நூற்றுச் சொச்சம்.

"உதிரிச் சாவி? கடையில ஆணியில மாட்டியிருந்ததே?"

"அதையும்தான் கொண்டாந்து போட்டேன். அதுவும் சாவிதானே?"

சாவி ஒவ்வொன்றாக ஓட்டை வழியே வெளியே வர ஆரம்பித்தது. அவள் வாங்கி, நுழைத்து, திருப்பி, "இல்ல" என்பாள். அடுத்தது வரும். பாதிச் சாவிகளில் கயிறு தொங்கியது, இருட்டில் அவருக்குத் தன் சாவியே அடையாளம் தெரியவில்லை. "இல்ல." "இல்ல." "இல்லங்க." நாற்பதாவது சாவியில் மணி மூன்று ஆனது. சட்டைப் பையில், விளக்கில்லாத அவருடைய பழைய பட்டன் போன் அடித்தது.

"மேனேஜர்!" என்றார் உள்ளிருந்து, தேள் கொட்டியது போல.

"எடுத்துப் பேசுங்க."

"என்னன்னு பேச? 'வணக்கம் சார், பூட்டுக்காரன் பேசறேன், உள்ள மாட்டிக்கிட்டேன்'னா? சீக்கிரமே வர்றேன்னு சொல்லத்தான் கூப்பிடறாரு. எடுக்கலைன்னா வேலையா இருக்கோம்னு நினைச்சு நாலு மணிக்கே வருவாரு."

"எடுத்து, உள்ளதைச் சொல்லிடுங்க. அவரும் மனுஷன்தானே."

"அறுநூறு கதவும்மா! சும்மா இரு."

போன் அடித்து ஓய்ந்தது. மறுபடி அடித்தது. அவர் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார், போனுக்குத் தன் மூச்சு கேட்டுவிடும் என்பது போல. நாலாவது தடவை அடித்தபோது அவள் பதறிப்போய், கையிலிருந்த சாவியைப் பூட்டில் வேகமாகத் திருப்பினாள்.

'டக்.'

"திறந்துடுச்சா?" உள்ளே குரல் மலர்ந்தது.

"சாவியில பாதி என் கையில இருக்கு."

"மீதி?"

"பூட்டுல."

உள்ளே தலையில் அடித்துக்கொள்ளும் சத்தம். அல்லது கூரையில் இடித்த சத்தம். இரண்டில் ஒன்று.

"பதறாத. உடைஞ்ச சாவியை எடுக்க ஒரு கொக்கி இருக்கு. எதுல வச்ச?"

"உ-ல. உடைஞ்ச சாவிக் கொக்கி."

"ஏன் கொ-ல வைக்கல?"

"கொ நிறைஞ்சுபோச்சு!"

கொக்கி வெளியே வந்தது. "மெதுவா விட்டு, லேசாத் தூக்கி, உன் பக்கமா இழு" என்றார். அவள் மெதுவாக விட்டாள், லேசாகத் தூக்கினாள், இழுத்தாள். உடைந்த துண்டு சமர்த்தாக இன்னும் உள்ளே போய் உட்கார்ந்துகொண்டது.

"கிடைச்சிடுச்சு!" என்று அப்போது உள்ளே ஒரு கூவல். "வேன் சாவி கிடைச்சிடுச்சும்மா! சிவப்புக் கயிறு கட்டினது!"

அவள் பூட்டைப் பார்த்தாள். ஓட்டை வழியே ஆடிய சிவப்புக் கயிற்றையும் பார்த்தாள்.

நாயோடு போய்க்கொண்டிருந்த ஒருவர் நின்றார். "உள்ள யாரும்மா?"

"ரேடியோங்க."

"அவரைப் போகச் சொல்லும்மா!" என்றது வேன்.

"ரேடியோ உங்களைப் பார்த்துப் பேசுதே?"

"நாடகம்ங்க. குடும்ப நாடகம்."

நாய்க்காரர் இரண்டு தடவை திரும்பிப் பார்த்தபடி போனார். உள்ளே போன் மறுபடி அடித்தது. பதினோராவது தடவை. பூட்டுக்காரர் அதை அணைத்தே விட்டார்.

மணி மூன்றரை தாண்டியது. அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"ஏங்க, ஒன்னு சொன்னா கோவிச்சுக்க மாட்டீங்களே?"

"அவன் பேரைச் சொல்லாத."

"நான் இன்னும் சொல்லவே இல்ல."

"சொல்லப் போற. அவன் வந்து என்னைத் திறக்கிறதுக்கு நான் இதுக்குள்ளயே இருந்துடறேன். சாப்பாட்டை ஓட்டை வழியாக் குடு."

"நாலு மணிக்கு மேனேஜர் வந்து 'சுத்தியல்'னு கேப்பாரு. சு-லேர்ந்து எடுத்து ஓட்டை வழியா நீட்டுவீங்களா?"

உள்ளே ஒரு பெட்டியை உதைக்கும் சத்தம். பிறகு, கிணற்றுக்குள்ளிருந்து வருவது போல ஒரு குரல்: "கூப்பிட்டுத் தொலை."

அவள் தன் போனில் 'ஒரு நிமிஷம்' நம்பரைக் கூப்பிட்டாள். எதிர்முனையில் தடதடவென்று யாரோ கதவை இடிக்கும் சத்தம்.

"அண்ணி, அப்புறம் பேசட்டுமா? ஒரு வேலையில இருக்கேன். வாட்ச்மேன் அவசரமா இழுத்துட்டு வந்தாரு, யாருன்னுகூடக் கேக்கல. உள்ள எவரோ மாட்டிக்கிட்டு, கதவைத் தட்டித் தட்டி உசிரை வாங்கறாரு. கேக்குது இல்ல?"

"இங்க குடியிருப்புச் சுவர் பக்கத்துச் சந்துலயும் அதே கதைதான் தம்பி. உங்க அண்ணன் உள்ள மாட்டிக்கிட்டாரு."

"எதுக்குள்ள?"

"வேனுக்குள்ள."

"யாரோட வேனு?"

"அவரோட வேனுதான்."

எதிர்முனையில் கதவை இடிப்பது மட்டும் கேட்டது.

"அவரே போட்ட பூட்டா அண்ணி?"

"ஆமா."

"வந்துட்டேன்! இவரு எங்க ஓடிடப் போறாரு, இருக்கட்டும். ஒரே நிமிஷம்!"

சட்டையில் போட்டிருந்தது பொய்யில்லை. அவள் போனைப் பைக்குள் வைப்பதற்குள் ஆள் சந்துமுனையில் ஓடி வந்துகொண்டிருந்தார். வந்தவர் முதலில் பூட்டைத் தொடவில்லை. போனை எடுத்து வேனை முன்னால் ஒரு படம், பின்னால் ஒரு படம், ஓட்டையில் தெரிந்த ஒற்றைக் கண்ணை நெருக்கத்தில் ஒரு படம் எடுத்தார்.

"அண்ணே, லேசா சிரிங்க."

"தம்பி, மரியாதையாத் திற."

"திருடன் உள்ள வந்தா வெளியே போக முடியாதுன்னு சொன்னீங்களாமே. சும்மா சொல்லக்கூடாது, பூட்டு பிரமாதம்!"

"நாலு மணி ஆகப்போகுது தம்பி" என்று கெஞ்சினாள் அவள்.

"நாலு மணி எனக்கும் தெரியும் அண்ணி. நானும்தானே அந்த அறுநூறு கதவுக்குக் காத்திருக்கேன். இருந்தாலும் தொழில்னு ஒன்னு இருக்கு." உடைந்த துண்டை இரண்டே இழுப்பில் வெளியே எடுத்து, சிவப்புக் கயிற்றுச் சாவியைப் போட்டுத் திருப்பினார்.

கதவு திறந்தது. பூட்டுக்காரர் வெளியே இறங்கினார். சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது, நெற்றியில் 'ஆ' லேபிள் ஒட்டியிருந்தது. மனைவி அதை உரித்து, அவர் தலையைக் கோதிவிட்டு, சட்டைக் காலரையும் சரிசெய்தாள். மணி நாலுக்கு ஐந்து நிமிஷம். உள்ளே பெட்டிகள் அத்தனையும் அதனதன் இடத்தில் நின்றன. ஒன்றேகால் மணி நேரம் இருட்டில் தடவித் தடவி, எந்த எழுத்து எங்கே என்பது அவருக்கு மனப்பாடமாகியிருந்தது.

"கொறடு!" என்றாள் அவள் திடீரென்று.

மூன்று எண்ணுவதற்குள் கையில் இருந்தது.

"மேனேஜர் வரட்டும் இப்ப" என்றார் பூட்டுக்காரர். ஒரு மணி நேரத்துக்குப் பிறகு முதல் தடவையாகச் சிரித்தார். "தம்பி, அந்தப் படத்தை நீ யாருக்கு வேணும்னாலும் காட்டிக்க. அறுநூறு கதவும் எனக்குத்தான்."

'ஒரு நிமிஷம்' உதட்டைப் பிதுக்கினார். "பார்ப்போம் அண்ணே, பார்ப்போம்."

சந்துமுனையில் காலடிச் சத்தம் கேட்டது. இருவரும் சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு நிமிர்ந்து நின்றார்கள். வந்தது மேனேஜர் இல்லை. குடியிருப்பின் வாட்ச்மேன், தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு, மூச்சு இரைக்க இரைக்க ஓடி வந்தார்.

"வாங்க வாங்க" என்றார் பூட்டுக்காரர், கொறடு பிடித்த கையை வாள் போலத் தூக்கியபடி. "மேனேஜர் பின்னாடி வர்றாரா?"

வாட்ச்மேன் இவரைப் பார்த்தார், அவரைப் பார்த்தார்.

"அவரு எங்க சார் வருவாரு? மூணு மணியிலேர்ந்து ஆபீஸ் பாத்ரூம்ல மாட்டிக்கிட்டு உங்களுக்கு போன் மேல போன் அடிச்சாரு, நீங்க எடுக்கல. சரின்னு நான் இவரைக் கூட்டிட்டு வந்தா, பாதிப் பூட்டைக் கழட்டிப் போட்டுட்டு இவரும் இங்க ஓடி வந்துட்டாரு. உள்ளேர்ந்து அவரு பத்து எண்ண ஆரம்பிச்சாரு, நான் கிளம்பும்போது முந்நூறு தாண்டிடுச்சு!"