உள்ளே போனவர் வெளியே வரவில்லை

வியாசர்பாடி,
மே 2004, செவ்வாய்க்கிழமை

அன்புத் தம்பி நிலவனுக்கு, அக்கா ரமாபாய் எழுதுவது.

ஒரு மனிதன் ஓர் இடத்தில் இல்லை என்பதை எப்படி நிரூபிப்பது? வரலாறு எம்.ஏ. படித்து, இத்தனை வருடம் பள்ளிக்கூடத்தில் அதையே சொல்லிக்கொடுத்தும் எனக்கு இதற்கு விடை தெரியவில்லை. இருந்ததற்குக் கல்வெட்டு உண்டு, காசு உண்டு, பானை ஓடு உண்டு. இல்லாததற்கு என்ன உண்டு? நீ பெங்களூரில் கம்ப்யூட்டரோடு குடித்தனம் நடத்துகிறவன், உனக்குத் தெரிந்திருக்கலாம். போனில் கேட்கலாம் என்றால் தெருமுனை பூத்தில் பின்னால் நிற்கிறவர்கள் எல்லாருக்கும் காது நன்றாகக் கேட்கிறது. அதனால்தான் கடிதம்.

நீயும் செங்கொடியும் குழந்தைகளும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். உன் மாமா நாளைக் காலை போலீஸ் விசாரணைக்குப் போகிறார் என்பதைத் தவிர இங்கு நாங்களும் நலம்.

பொங்கலுக்கு நீ வந்தபோது மாமா பெருமையாக ஒரு அட்டையைக் காட்டினாரே, ஞாபகம் இருக்கிறதா? அவர் சரக்கு எண்ணிச் சரிபார்க்கும் வேலை பார்க்கிற திருவொற்றியூர் கன்டெய்னர் யார்டில் புதிதாகக் கொடுத்தது. வாசலில் உள்ள பெட்டியில் அதைத் தேய்த்தால் பச்சை விளக்கு எரியும்; யார் உள்ளே போனார், யார் வெளியே வந்தார் என்பது ஆபீஸ் கம்ப்யூட்டரில் ஏறிவிடும். "இனிமே யாரும் ஏமாத்த முடியாது மாமா, கம்ப்யூட்டர் பொய் சொல்லாது" என்று நீ சாம்பாரை ஊற்றிக்கொண்டே சொன்னாய். அது பொய் சொல்லவில்லை, ஒப்புக்கொள்கிறேன். மறந்துவிடுகிறது. இந்தக் கோடையில் அந்தப் பக்கம் சாயங்காலமானால் கரண்ட் போகிறது. ஜெனரேட்டர் எழுந்திருக்கும் வரை பெட்டி தன் பாட்டரியில் ஓடும், பச்சை விளக்கும் எரியும், ஆனால் அந்த நேரத்தில் அட்டை தேய்த்துவிட்டு வெளியே வந்தவர்களை அது கணக்கில் சேர்ப்பதில்லை. மறுநாள் காலையில் அதே ஆள் மறுபடி உள்ளே போகும்போது, நீதான் வெளியே வரவே இல்லையே, எப்படி உள்ளே போகிறாய் என்றும் அது கேட்பதில்லை. அதன் கணக்குப்படி யார்டுக்குள் இப்போது மூன்று பக்தவச்சலங்கள் இருக்கிறார்கள். ஒருவரோடு நான் படுகிற பாடு உனக்குத் தெரியும்.

இதெல்லாம் சிரிப்பாகத்தான் இருந்தது, போன வியாழக்கிழமை இரவு அங்கிருந்து ஒரு செம்புக் கம்பி உருளை காணாமல் போகும் வரைக்கும். நம் வீட்டு பீரோவைவிடப் பெரியது, கிரேன் இல்லாமல் அசையாதது. யார்டுக்காரர்கள் கம்ப்யூட்டரைக் கேட்டார்கள். அன்று கரண்ட் போனது கொஞ்ச நேரம்தான், அதற்குள் அட்டை தேய்த்தவர்கள் நாலே பேர். அந்த நாலு பேரும் இரவு முழுவதும் உள்ளே இருந்ததாக அது சொல்லிவிட்டது. நாலு பேருக்கும் சஸ்பென்ஷன், போலீசில் புகார். அதில் ஒருவர், ஒரு குடத்தைத் தூக்கவே இடுப்பைப் பிடித்துக்கொண்டு இரண்டு தரம் உட்கார்ந்து எழுகிற உன் மாமா. இன்னொருவர் கிரேன் ஓட்டுகிற ஹுமாயூன், ராயபுரத்துக்காரர். அவர் மேனேஜரிடம் போய், "சார், நான் அப்போ வூட்ல மீன் கொழம்பு துன்னுகினு இருந்தேன்" என்றாராம். "சிஸ்டத்துல அப்படி இல்லையே" என்றாராம் மேனேஜர். "மீன் கொழம்பு எப்டி சார் சிஸ்டத்துல இருக்கும்?" என்று ஹுமாயூன் கேட்டதற்கு, எதிர்த்துப் பேசியதாக இன்னொரு கடிதம் கொடுத்துவிட்டார்கள்.

சனிக்கிழமையிலிருந்து யார்டு வாசலில் கூட்டம். பக்கத்து யார்டுகளிலும் இதே பெட்டிதானாம், அங்கேயும் இதே மறதியாம், இன்றைக்கு இந்த நாலு பேர், நாளைக்கு நாம் என்று எல்லா யார்டு ஆட்களும் வந்து ரோட்டில் உட்கார்ந்துவிட்டார்கள். டிரெய்லர்கள் எண்ணூர் வரைக்கும் நிற்கின்றன. நேற்று ஒரு டிவி அட்டைப்பெட்டியில் கம்ப்யூட்டர் என்று எழுதி, மாலை போட்டு, பாடையில் வைத்து, ஒப்பாரி வைத்துக் கொளுத்தினார்கள். எனக்குக் கோஷம் போட வராது, உனக்கே தெரியும். ஓரமாக நின்று இரண்டு தரம் வாயசைத்தேன். அந்தக் கோபம் நியாயமானதுதான். ஆனால் அங்கே சத்தம் ஏற ஏற நான் பின்னால் நகர்ந்துகொண்டே போனேன். இத்தனை பேர் கத்தும்போது யாராவது ஒருவரைப் பிடித்து உள்ளே போட்டுக் காட்ட வேண்டும் என்று போலீசுக்குத் தோன்றாதா? பட்டியலில் முதல் பெயர் உன் மாமாவுடையது.

அவர் வீட்டில் இருந்தார் என்று சாட்சி சொல்ல ஆள் இல்லையா என்று கேட்பாய். ஒரு தெருவே இருக்கிறது. அதுதான் தொல்லை. இங்கே தண்ணீர் லாரி வருகிற நாளில் எல்லாரும் குடத்தைக் கொண்டுபோய் வரிசையில் வைத்துவிட்டு அவரவர் வேலையைப் பார்ப்பார்கள். குடம் நிற்கிற இடம்தான் ஆள் நிற்கிற இடம். அடுத்தவர் குடத்தை யாரும் தொடக்கூடாது. வேறு எந்தக் குற்றம் செய்தவரையும் இந்தத் தெரு மன்னித்திருக்கிறது, குடத்தை நகர்த்தியவரை மன்னித்ததாக நான் அறிந்து வரலாறு இல்லை. அந்த வியாழக்கிழமை நான் விடைத்தாள் திருத்தும் முகாமிலிருந்து வரத் தாமதமாகிவிட்டது. சாயங்காலமே வீட்டுக்கு வந்துவிட்ட மாமா, கடைசியில் நின்ற நம் குடங்களைத் தூக்கிக்கொண்டு போய், எதிர்வீட்டுச் சொக்கம்மாளின் குடத்தைப் பின்னால் தள்ளி, அந்த இடத்தில் வைத்துத் தண்ணீர் பிடித்துவிட்டார். சொக்கம்மாள் தண்டையார்பேட்டை மார்க்கெட்டில் கருவாடு விற்கிறவள். அவளுடைய முறை வருவதற்குள் லாரியில் தண்ணீர் தீர்ந்துவிட்டது. மறுநாள் விடிந்ததும் அவள் வாசலில் வந்து நின்று, "கொடத்த நவுத்துனது நீதான?" என்று கேட்டாள். இவர் என்ன சொன்னார் தெரியுமா? தெருவில் இருந்த அத்தனை பெண்களும் கேட்கும்படி, "நானா? எனுக்கு நேத்து நைட்டு பூரா யார்டுல டூட்டி. நான் வூட்டுக்கே வர்ல. நீ வேற யாரையாவது பாத்திருப்ப" என்றார்.

புரிகிறதா தம்பி? கம்ப்யூட்டர் சொல்வதும் உன் மாமா சொன்னதும் ஒன்று. நேற்று சாதா உடையில் ஒரு போலீஸ்காரர் வந்து தெருவில் விசாரித்தார். நாலைந்து பேர் உள்ளதை உள்ளபடி சொல்லியிருக்கிறார்கள்: "அன்னிக்கு யார்டுலதான் இருந்தேன்னு அவரே சொன்னாரு சார்."

நான் யார் வீட்டுக்கும் போய் எதையும் கேட்டுப் பழக்கமில்லாதவள். இன்று சொக்கம்மாள் வீட்டுக்குப் போனேன்.

"வா டீச்சர். தண்ணி குட்ச்சினு போ" என்றாள். "இருந்தா தரேன். உன் வூட்டுக்காரரு மிச்சம் வெச்சிருந்தாத்தான்."

விஷயத்தைச் சொன்னேன். கருவாட்டுக் கூடையைக் கழுவிக்கொண்டே கேட்டாள்.

"அப்போ அன்னிக்கு வூட்லதான் இருந்தாரு."

"ஆமாம்."

"எங் கொடத்த நவுத்துனதும் அவுருதான்."

"ஆமாம் சொக்கம்மா."

"இத்த நீ சொன்னா எப்டி டீச்சர்? அவுரு சொல்லணும். கொடத்தாண்ட வந்து, அல்லாரும் கேக்கற மாதிரி சொல்லணும். நான் போலீசுல போய் பொய் சொல்ல மாட்டேன்மா. யார்டுல இருந்தேன்னாரு, நானும் நம்பிட்டேன்." நம்பவில்லை என்பது அவள் கூடையைத் தேய்த்த வேகத்திலேயே தெரிந்தது.

வீட்டுக்கு வந்து மாமாவிடம் சொன்னேன். "லாக்கப்புன்னா லாக்கப்பு, போய்ட்டு வரேன். அந்தக் கருவாட்டுக்காரி முன்னால கை கட்டி நிக்கச் சொல்றியா?" என்றார். ஒரு பையில் துண்டு, பல்பொடி, இடுப்பு வலி மாத்திரை எல்லாம் எடுத்து வைத்துக்கொண்டிருக்கிறார். மூக்குக் கண்ணாடியை அங்கே அனுமதிப்பார்களா என்று என்னைக் கேட்கிறார், நான் என்னமோ போய்ப் பார்த்துவிட்டு வந்தவள் மாதிரி. சிரித்த முகமாகத்தான் இருக்கிறார், ஆனால் சட்டைப் பொத்தானை மாற்றி மாற்றிப் போடுகிறார். ஸ்டேஷனுக்குக் கூட்டிப்போனால் கேள்வி கேட்பதோடு விடுவார்களா நிலவா? செய்யாததை ஒப்புக்கொள்ளும் வரை விடமாட்டார்கள். அந்த இடுப்பில் ஒரு அடி விழுந்தால் அப்புறம் அவர் எழுந்திருக்க மாட்டார். இதை அவரிடம் சொல்ல முடியவில்லை. அவருக்கும் தெரிந்திருக்கும். இரண்டு பேரும் பல்பொடியைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கிறோம்.

நீ இந்தக் கடிதம் கிடைத்ததும் புறப்பட்டு வா. உன் வக்கீல் சிநேகிதரையும் கையோடு கூட்டி வா. தங்குவதற்கு ஒரு குறையும் இல்லை, தண்ணீர்ப் பிரச்சினையும் பேப்பரில் போடுகிற அளவுக்கு இல்லை. செங்கொடிக்கு என் அன்பு. குழந்தைகள் நன்றாகப் படித்து, கரண்ட் போகாத ஊரில் நீண்ட நாள் வாழ வேண்டும்.

இப்படிக்கு,
உன் அக்கா,
ரமாபாய்

பின்குறிப்பு (புதன்கிழமை சாயங்காலம்): இதை நேற்றுத் தபாலில் போடவில்லை. மேலே எழுதியதில் பாதியை நீ மறந்துவிடலாம். இன்று நடந்ததை மட்டும் எழுதுகிறேன்.

காலையில் வருவதாகச் சொன்ன இன்ஸ்பெக்டர் சாயங்காலம்தான் வந்தார். மேனேஜர் அறையில் நாலு பேருக்கும் விசாரணை, முதலில் மாமா. அன்றைக்கு எங்கே இருந்தாய் என்று கேட்டதற்கு மாமா சட்டைப் பொத்தானைத் திருகினார். அந்த நேரம் பார்த்து சொக்கம்மாள், கூப்பிடாமலேயே, தெருப் பெண்கள் எட்டுப் பேரோடும் தன் குடத்தோடும் உள்ளே வந்தாள். "சார், இவுரு திருடன்தான். ஆனா கம்பி திருடல. தண்ணி திருடுனாரு. அன்னிக்கு லாரி வந்தப்ப எங் கொடத்தத் தள்ளிட்டு அவுரு கொடத்த வெச்சாரு. நாங்க அல்லாரும் பாத்தோம்" என்றாள். உண்மையா என்று இன்ஸ்பெக்டர் கேட்டார். மாமா தரையைப் பார்த்துக்கொண்டு, "ஆமா சார்" என்றார். ஏன் முன்பே சொல்லவில்லை என்று கேட்டதற்கு, "வெக்கமா இருந்துச்சு சார்" என்றார்.

மேனேஜர் அசையவில்லை. "ஒரே தெருக்காரங்க சார், ஒருத்தருக்கொருத்தர் சொல்லத்தான் செய்வாங்க. கம்ப்யூட்டருக்குத் தெரு கிடையாது" என்றார். இன்ஸ்பெக்டருக்கும் அது சரியாகப் பட்டது. ஸ்டேஷனுக்கு வா என்று மாமாவைக் கூட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார். பல்பொடிப் பையோடு நான் பின்னால் ஓடினேன். வாசலுக்கு வரும்போது கரண்ட் போனது. அட்டை இல்லாமல் யாரும் உள்ளே போகக்கூடாது என்று இன்ஸ்பெக்டர் உட்பட எல்லாருக்கும் அட்டை கொடுத்திருந்தார்கள். எல்லாரும் தேய்த்தோம். ஒவ்வொருவருக்கும் பச்சை விளக்கு எரிந்தது. மாமா ஜீப்பில் ஏறுகிற நேரத்தில் ஜெனரேட்டர் எழுந்துகொண்டது, தங்கள் மெஷின் எவ்வளவு துல்லியம் என்று காட்டுவதற்காக மேனேஜர் ஒரு தாளை எடுத்துக்கொண்டு ஓடி வந்தார். இந்த நிமிஷம் யார்டுக்குள் யார் யார் இருக்கிறார்கள் என்று கம்ப்யூட்டர் கொடுத்த தாள். இன்ஸ்பெக்டர் வாங்கிப் படித்தார். முதல் பெயர் அவருடையது.

"நான் இப்ப எங்க இருக்கேன்?" என்று கேட்டார்.

மேனேஜர் தாளைப் பார்த்தார், ஜீப்பைப் பார்த்தார், மறுபடி தாளைப் பார்த்தார். "உள்ள இருக்கீங்க சார்" என்றார்.

"அப்போ இங்க நிக்கறது யாரு, அவுரு தம்பியா?" என்றாள் சொக்கம்மாள். ரோட்டில் உட்கார்ந்திருந்த அத்தனை பேரும் சிரித்தார்கள். இன்ஸ்பெக்டர் சிரிக்கவில்லை. நாலு பேரையும் வீட்டுக்குப் போகச் சொல்லிவிட்டார். சஸ்பென்ஷனைப் பற்றிக் கேட்டதற்கு மேனேஜர் "பார்க்கலாம்" என்றார். வருத்தம் தெரிவிக்கவில்லை.

ஆகையால் நீ வர வேண்டாம், வக்கீலும் வேண்டாம். தண்ணீரைப் பற்றி நான் எழுதியதும் பொய். இந்தக் கோடை முடியும் வரை வரிசையில் நம் குடம்தான் கடைசி என்று சொக்கம்மாள் தீர்ப்புச் சொல்லிவிட்டாள். மாமா மறுபேச்சில்லாமல் கேட்டுக்கொண்டார்.

ஒன்றே ஒன்றுதான் பாக்கி. பெட்டியைச் சரிசெய்ய உங்கள் பெங்களூரிலிருந்துதான் ஆள் வர வேண்டுமாம், வெள்ளிக்கிழமைதான் வருவாராம். அதுவரை தாளில் உள்ள பெயர்களை யாராலும் அழிக்க முடியாதாம். இன்ஸ்பெக்டரை யாரும் கேட்க மாட்டார்கள். சொக்கம்மாளும் நானும் அந்த எட்டுப் பேரும் இப்போது யார்டுக்குள் இருக்கிறோம். அங்கே இனி எது காணாமல் போனாலும் எங்களைத்தான் தேடி வருவார்கள். அதனால் எல்லாரும் தெருவிளக்குக்குக் கீழே, குடங்களுக்குப் பக்கத்தில், ஒருவர் கண்ணில் ஒருவர் படும்படி உட்கார்ந்திருக்கிறோம். இதையும் அங்கே உட்கார்ந்துதான் எழுதுகிறேன். கொஞ்ச நேரத்துக்கு ஒரு தரம் சொக்கம்மாள் ஒவ்வொருவர் பெயராகக் கூப்பிடுகிறாள். என் பெயர் வரும்போது கையைத் தூக்கி, "இங்கே இருக்கிறேன்" என்று உரக்கச் சொல்கிறேன்.