மணல்திட்டில் டீசல்

"நாளைக்கு வந்துடும்," என்று எவால்டோ சொன்னதும், படித்துறையில் நின்ற பைக் டாக்சிக்காரர்கள் அத்தனை பேரும் திரும்பி ஆற்றைப் பார்த்தார்கள்.

வரவேண்டிய டீசல் கண்ணெதிரிலேயே இருந்தது. மதெய்ரா ஆற்றின் நடுவில், உரக்கக் கூப்பிட்டால் கேட்கிற தூரத்தில், எண்ணெய்க் கம்பெனியின் டீசல் படகு மணல்திட்டில் ஏறி ஜம்மென்று நின்றது. கோடையில் ஆறு வற்றுவது போர்த்தோ செரீனோ ஊருக்குப் புதிதில்லை. ஆனால் ஊருக்கே மின்சாரம் தரும் ஜெனரேட்டர் நிலையம் அந்த டீசலைத்தான் நம்பியிருந்தது. கம்பெனிக்கு அந்த ஊரில் இருந்த ஒரே மேனேஜர் எவால்டோ. அதனால் ஊரார் பிடிப்பதற்குக் கிடைத்த ஒரே சட்டைக் காலரும் அவனுடையதுதான்.

"நேத்தும் இதையேதான்யா சொன்னே!" என்றான் ஒருத்தன்.

"அவனை ஏண்டா திட்டறே? நாளைக்குங்கிறது அவன் பேரு!" என்றான் இன்னொருத்தன்.

அவ்வளவுதான். அதற்கப்புறம் ஊரில் யாரும் எவால்டோவை எவால்டோ என்று கூப்பிடவில்லை. கோயில் வாசலில் பாதிரியாரே, "என்ன நாளைக்கு, சௌக்கியமா?" என்று கேட்டுவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டார்.

ஊர் வாயைக்கூடச் சமாளித்துவிடலாம். வீட்டில் மனைவி ஜசீரா இருந்தாளே! அவள் மீன் கடை வைத்திருந்தாள். ஊர்த் திருவிழாவுக்கென்று தம்பாக்கி மீனாக வாங்கி, ஃப்ரீசர் ஃப்ரீசராக அடைத்து வைத்திருந்தாள். அப்பா விட்டுப்போன மனையை விற்று வாங்கிய மீன் அது.

"இதோ பாருய்யா," என்றாள் ஜசீரா. "கரண்ட் போனா என் மீன் போச்சு. மீன் போச்சுன்னா நானும் போறேன், மனௌசுக்கு, அக்கா வீட்டுக்கு. அப்புறம் நீயும் உன் கம்பெனியும் கட்டிப் பிடிச்சுக்கிட்டுக் கிடங்க."

"ஐயோ, அதெல்லாம் ஒண்ணும் ஆகாது. நாளை..."

"அந்த வார்த்தையைச் சொன்னே, கரண்டியாலயே போடுவேன்."

எவால்டோ சாவ் பாவ்லோவுக்குப் போன் போட்டான். தலைமை அலுவலகத்தில் லியாண்ட்ரோ என்று ஒரு பெரிய அதிகாரி. கணக்கும் அவர்தான், ரிஸ்க்கும் அவர்தான். குரலில் எப்போதும் ஏ.சி. ஓடும்.

"சார், சின்னதா ஒரு இழுவைப் படகு அனுப்புங்க. அரை நாள்ல இழுத்துடலாம்."

"இழுவைப் படகும் மாட்டிக்கிட்டா? இப்ப ஒரு ரிஸ்க். அப்புறம் ரெண்டு ரிஸ்க்."

"ஊர் இருட்டாயிடும் சார்!"

"எவால்டோ, நிதானம். நீ பதறாம இருக்கறதை இங்க எல்லாரும் பாராட்டறாங்க."

தான் எப்போது பதறாமல் இருந்தோம் என்று எவால்டோவுக்கு விளங்கவில்லை. இருந்தாலும் பாராட்டு என்றதும் வாயை மூடிக்கொண்டான். அதுதான் அவனுடைய வியாதி.

அடுத்து ஒரு துடுப்புப் படகில் ஏறி, டீசல் படகுக்கே போனான். அங்கே படகோட்டி அபீலியோ தளத்தில் தூளி கட்டிப் படுத்திருந்தார். பக்கத்தில் அடுப்பில் மீன் பொரிந்துகொண்டிருந்தது. அந்த ஆற்றிலேயே தலை நரைத்த மனிதர். ஊரில் ஆளாளுக்கு அடித்துக்கொள்ளும்போது, அவர் மட்டும் லீவில் வந்த மாப்பிள்ளை மாதிரி இருந்தார்.

"என்னண்ணே, கண்ணை மூடிக்கிட்டே ஓட்டுவீங்களே இந்த ஆத்துல! நீங்க போய் மணல்ல ஏத்தலாமா?"

"ஆறு முன்ன மாதிரி இல்ல தம்பி," என்று அபீலியோ மீனைத் திருப்பிப் போட்டார். "ஒரு துண்டு சாப்பிடறியா?"

எவால்டோ சாப்பிட்டான். கவலையில் இரண்டு துண்டாகவே சாப்பிட்டான்.

கரைக்கு வந்ததும் அவனுக்கு ஒரு யோசனை உதித்தது. இருக்கிற டீசலை இழுத்துப் பிடிக்க, மாலையில் மட்டும் கரண்ட் விடலாமே! ஜெனரேட்டர் நிலையத்துக்காரனைக் கெஞ்சிக் கூத்தாடிச் சம்மதிக்க வைத்தான். ஊர்க்காரர்கள் சும்மா இருப்பார்களா? பகல் முழுக்கக் கால்பந்து பார்க்க, வசதியுள்ளவன் எல்லாம் வீட்டு ஜெனரேட்டரை எடுத்து வெளியில் வைத்தான். ஊரில் இருந்த பெட்ரோல் மொத்தமும் அதில் புகையாய்ப் போயிற்று. பைக் டாக்சி நின்றது. மீன்பிடி மோட்டார்களும் நின்றன.

"டீசல் இல்லாம பண்ணினே, சரி. பெட்ரோலையும் இல்லாம பண்ணிட்டியே, மகராசா! உன் கைராசி யாருக்கு வரும்!" என்று பைக் டாக்சிக்காரன் கையெடுத்துக் கும்பிட்டான்.

ஜசீரா ஃப்ரீசர்களை ஜமக்காளத்தால் போர்த்திக்கொண்டிருந்தாள். மீன்கள் ஓரத்தில் இளக ஆரம்பித்திருந்தன.

"பாதி விலைக்கு வித்துடலாமா?" என்றான் எவால்டோ.

"வாங்கிட்டுப் போய் எங்க வைப்பாங்க? தலையிலயா?"

அவள் குரலில் கோபம்கூட இல்லை. அதுதான் அவனுக்குப் பயமாக இருந்தது.

மறுநாள் காலை மீனவர்களை எல்லாம் திரட்டினான். "ஆளுக்கு ரெண்டு டிரம் எடுத்துட்டு வாங்க. கைப்பம்பு போட்டுக் கொஞ்சம் கொஞ்சமா இறக்கிடுவோம்!" கம்பெனியைத் திட்டிக்கொண்டேதான் என்றாலும் எல்லாரும் வந்தார்கள். முதல் டிரம் பாதி நிறைவதற்குள் போன் அடித்தது.

"எவால்டோ! ஆத்துல ஒரு சொட்டு விழுந்தா என்ன ஆகும் தெரியுமா? எவ்வளவு பெரிய ரிஸ்க்! உடனே நிறுத்து. பாதுகாப்புக் குழுவை அனுப்பறேன்."

குழு என்றால் இரண்டு பேர். சின்ன விமானத்தில் மஞ்சள் ஹெல்மெட்டோடு வந்து இறங்கினார்கள். படகைச் சுற்றி மஞ்சள் நாடா கட்டினார்கள். பிறகு கோயில் மண்டபத்தில் எவால்டோவையும் மீனவர்களையும் உட்கார வைத்து, ஆபத்தை முன்கூட்டியே கண்டுகொள்வது எப்படி என்று ஒரு நாள் வகுப்பு எடுக்கப் போவதாகச் சொன்னார்கள்.

"படம் போட்டுக் காட்டணும். ஏ.சி. வேற வேணும், மெஷின் சூடாயிடும். கரண்டுக்கு ஏற்பாடு பண்ணிடுங்க," என்றான் ஹெல்மெட்டில் மூத்தவன்.

"மிச்சம் இருக்கறது ஆஸ்பத்திரிக்குன்னு ஒதுக்கின டீசல்தான் சார்."

"ஒரே ஒரு நாள்தானே? பாதுகாப்புக்கு மேல என்னங்க இருக்கு?"

ஊருக்கு இருந்த கடைசி டீசல் அந்த வகுப்பில் எரிந்தது. பட்டப்பகலில், சில்லென்ற மண்டபத்தில், எரிபொருள் தீர்ந்துபோவது எவ்வளவு பெரிய ஆபத்து என்று திரையில் படம் ஓடியது. மீனவர்கள் நன்றாகத் தூங்கினார்கள். வகுப்பு முடிந்து ஹெல்மெட்டுகள் விமானம் ஏறின. ஆஸ்பத்திரியில் சேர்ந்திருந்தவர்களைத் துடுப்புப் போட்டுப் பக்கத்து ஊருக்குக் கொண்டுபோனார்கள். நல்லவேளையாக யாரும் சாகவில்லை. அதற்காக யாரும் கம்பெனிக்கு நன்றி சொல்லவும் இல்லை.

அடுத்த இரண்டு நாளில் மீன் நாறியது. முதலில் கடை, அப்புறம் தெரு, அப்புறம் படித்துறை வரைக்கும். ஜசீரா கூடை கூடையாகச் சுமந்துபோய் ஆற்றில் கொட்டினாள். எவால்டோ ஒரு கூடையைத் தூக்கப் போனான்.

"தொடாதே," என்றாள். "நீ தொட்ட எதுவும் உருப்படல."

கழுகுகள் வட்டமிட்டன. எவால்டோ கரையில் உட்கார்ந்து அழுதான். பைக் டாக்சிக்காரர்கள்கூட அன்று அவனைக் கேலி பண்ணவில்லை.

அன்று மாலை பேட்டரி ரேடியோவில் செய்தி வந்தது: டீசல் விலை ஏற்றம். 'இருக்கிற வயிற்றெரிச்சலில் இது வேறயா' என்று ஊர் சலித்துக்கொண்டது.

விடிந்ததும் லியாண்ட்ரோவே கூப்பிட்டார். "எவால்டோ, என்னய்யா இது? இன்னும் படகை அங்கயே வெச்சிருக்கே? ஒரு ஊரே இருட்டுல கிடக்குதாம். மனசாட்சி வேணாம்?"

எவால்டோ போனை வைத்தான். படித்துறைக்கு ஓடினான். அபீலியோ ஏற்கெனவே தூளியைச் சுருட்டிவிட்டு இன்ஜினை உறுமவிட்டிருந்தார். படகு முன்னும் பின்னும் இரண்டு தரம் அசைந்தது. மஞ்சள் நாடா அறுந்தது. படகு வழுக்கிக்கொண்டு பின்னால் இறங்கி, நேராகப் படித்துறைக்கு வந்து நின்றது.

"ஆத்துல தண்ணி ஏறிடுச்சா அண்ணே?"

"ஏறிடுச்சுன்னு வெச்சுக்கோயேன்," என்றார் அபீலியோ.

ஊருக்குக் கரண்ட் வந்தது. ஜசீராவின் காலி ஃப்ரீசர்கள் எல்லாம் ஒன்றாக ரீங்கரிக்க ஆரம்பித்தன. அவள் ஒவ்வொன்றாகப் பிளக்கைப் பிடுங்கினாள்.

மாதக் கடைசியில் கம்பெனியின் காலாண்டுக் கணக்குக் கூட்டம். எவால்டோவும் வீட்டிலிருந்தே கம்ப்யூட்டரில் கலந்துகொண்டான். வேலை போய்விடும் என்று தீர்மானித்து, சவரம்கூடச் செய்துகொள்ளவில்லை. திரையில் லியாண்ட்ரோ சிரித்த முகமாக வந்தார்.

"நம்ம வடக்குப் பகுதி இந்த முறை நஷ்டத்துல முடிய வேண்டியது. ஆனா விலை ஏறின அன்னைக்குப் போட்டிக் கம்பெனிக்காரன் தொட்டியெல்லாம் காலி. நம்ம கிட்ட மட்டும் பழைய விலைச் சரக்கு தளும்பத் தளும்ப இருந்தது! லாபத்துல முடிச்சிருக்கோம். ரிஸ்க்கை இப்படித்தான் சமாளிக்கணும். போர்த்தோ செரீனோ எவால்டோவுக்கு ஒரு பெரிய கைதட்டல் கொடுங்க. இன்னையிலேர்ந்து மதெய்ரா ஆறு முழுக்க அவர் பொறுப்பு!"

கம்ப்யூட்டரிலிருந்து படபடவென்று கைதட்டல் வந்தது. எவால்டோ தாடியைத் தடவிக்கொண்டு விழித்தான். பின்னால் ஜசீரா பெட்டியில் துணி அடுக்கிக்கொண்டிருந்தாள்.

"எதுக்குக் கைதட்டறாங்க?"

"நான் பொறுமையா இருந்தேனாம்."

"என் மீனைப் பத்தி ஒரு வார்த்தை?"

எவால்டோ திரையைப் பார்த்தான். அங்கே இன்னும் தட்டிக்கொண்டிருந்தார்கள்.

"இல்ல," என்றான்.

"நீயாவது சொன்னியா?"

ஜசீரா பெட்டியை மூடினாள்.

மனௌஸ் போகும் பயணிகள் படகு மத்தியானம் கிளம்பியது. ஜசீரா மேல்தளத்தில் மறுபக்கம் போய் உட்கார்ந்துகொண்டாள். படகு வளைவு திரும்பும்வரை எவால்டோ படித்துறையிலேயே நின்றான். அவளைத் திரும்பக் கூட்டிவர வேண்டும், ஒவ்வொரு மீனுக்கும் கம்பெனியிடம் கேட்டு வாங்கித்தர வேண்டும், இனி இந்த ஊரில் ஒரு விளக்குகூட அணையக் கூடாது; பதவிதான் வந்துவிட்டதே என்று நினைத்துக்கொண்டான்.

பின்னால் யாரோ கனைத்தார்கள். அபீலியோ தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, இதுவரை இல்லாத பணிவோடு நின்றார்.

"சார், அடுத்த விலையேத்தத்துக்குப் படகை எந்த மணல்ல ஏத்தி நிறுத்தணும்னு இனிமே சாவ் பாவ்லோவைக் கேட்க வேணாமாம், உங்களையே கேட்டுக்கச் சொல்லிட்டாங்க."