அதே லே ருசி

கையில் எண்ணெய் தெறித்ததும் சொர்ணலதாவுக்குத் தண்ணீர்க் குழாய் ஞாபகம் வரவில்லை; கணவர் சொன்னதுதான் ஞாபகம் வந்தது.

"தீக்காயத்துக்கு லே பழத்தை மிஞ்சின மருந்தே கிடையாது, சொர்ணா!"

ராணுவத்தில் இருந்தபோது லடாக்கின் லே ஊரில் வேலை பார்த்த கிருஷ்ணராஜ், கல்யாணமான நாளிலிருந்து சொல்லிவரும் வசனம் அது. அவர் சொல்வதில் பாதியைத்தான் அவள் காதில் வாங்குவாள். விட்டுப்போன பாதி, மருந்து அந்தப் பழத்தின் எண்ணெய் என்பது. அவசரத்தில் ஃப்ரிட்ஜைத் திறந்து, உள்ளே இருந்த பாட்டிலின் சீலை உடைத்து, அவள் கையில் ஊற்றிக்கொண்டது சாறு. எலுமிச்சை தோற்கும் புளிப்பு. எரிச்சலில் துள்ளிய வேகத்தில் பாட்டில் சிங்க்கில் கவிழ்ந்தது.

"ஐயோ!" என்றாள். அது காயத்துக்காக அல்ல.

மைசூரில் வீடு கட்டிக் குடியேறிய பிறகும் கிருஷ்ணராஜின் நாக்கு மட்டும் லேயிலேயே தங்கிவிட்டது. பனிக்காலக் காலையில் மெஸ் சமையற்காரர் குப்புசாமி ஆரஞ்சு நிறத்தில் ஒரு சாறு கலக்கிக் கொடுப்பாராம். ஒரு மடக்கில் உடம்பு சூடேறிவிடுமாம். லே பழத்தின் ஆங்கிலப் பெயரான சீபக்தார்ன் என்று போட்ட பாட்டில்களைக் கூரியரில் வரவழைத்து வரவழைத்துக் குடித்துப் பார்த்தார். ஒவ்வொரு முறையும் டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, "இது அது இல்ல" என்பார்.

கொஞ்ச நாளாக இன்னொன்றும் சேர்த்துக்கொண்டார்: "ஒருவேளை எனக்குத்தான் மறந்துபோச்சோ?"

அந்தக் குரலைக் கேட்டால் அவளே அடுத்த பாட்டிலுக்கு ஆர்டர் போட்டுவிடுவாள்.

இன்று கொள்ளேகாலிலிருந்து குப்புசாமியே மனைவியோடு வருகிறார். அவரோடு சேர்ந்து குடித்து ஒரு முடிவு கட்டத்தான், லேயிலிருந்து நேராக வந்த இந்தப் பாட்டிலைக் கிருஷ்ணராஜ் திறக்காமல் வைத்திருந்தார்.

உண்மையைச் சொல்லிவிடலாம்தான். ஆனால் விடிந்ததிலிருந்து பழைய பச்சை ஸ்வெட்டரை மாட்டிக்கொண்டு வாசலுக்கும் ஹாலுக்கும் நடக்கிற மனிதரிடம் எப்படிச் சொல்வது?

"சொர்ணா, பஸ்ஸை விட்டு இறங்கிட்டாங்களாம்! பாட்டிலை எடுத்துட்டு வா!"

"சும்னே இருங்க, நானே டம்ளர்ல ஊத்திக் கொண்டாறேன்!"

பாட்டிலின் அடியில் கொஞ்சம் மிஞ்சியிருந்தது. தண்ணீர் விட்டாள்; வெளுத்துப்போனது. நிறத்துக்குக் கேரட்டை அரைத்து ஊற்றினாள், இனித்தது. இனிப்பை முறிக்க நெல்லிக்காயைப் பிழிந்தாள். பாசித் தண்ணீர் மாதிரி ஆனது. மறுபடியும் கேரட். கேரட் வாடை போகச் சுக்குப்பொடி போடப்போனால், டப்பாவின் மூடி கழன்று பொடி மொத்தமும் உள்ளே விழுந்தது. காரம் அடங்க வெல்லம் தட்டினாள். பாட்டிலில் ஆரம்பித்த விஷயம் குண்டான் நிறைய வந்து நின்றது.

கணவரையாவது ஏமாற்றலாம். அன்று கலக்கிக் கொடுத்தவரையே எப்படி ஏமாற்றுவது?

அதற்குள் குப்புசாமி வந்துவிட்டார். பின்னாலேயே தேங்காய்ப் பையோடு அவர் மனைவி பழனாத்தாள். கட்டிப்பிடித்து, முதுகில் தட்டி, நரையைப் பற்றிக் கேலி பேசி முடிந்ததும் டம்ளர்கள் வந்தன.

கிருஷ்ணராஜ் ஒரு மடக்குக் குடித்தார். இன்னொரு மடக்கு. கண் கலங்கிவிட்டது.

"சொர்ணா... இதுதான். இதேதான்!"

அவளுக்குச் சந்தோஷமும் பயமும் ஒன்றாக வந்தன. குப்புசாமியின் முகத்தைப் பார்த்தாள். அவர் ஒரு வாய் குடித்துவிட்டு மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"பாத்தியா குப்பு, எனக்கு எதுவும் மறக்கல! அந்தக் குளிர்ல நம்மளக் காப்பாத்தினதே இதுதான். சரிதானே?"

"இருக்காதுங்களா சார்? லே பழமாச்சே..." என்றார் குப்புசாமி, விசிறியிலிருந்து கண்ணை எடுக்காமல்.

"இமயமலை மண்ணுக்குத்தான் இந்த ருசி வரும்!" என்று கிருஷ்ணராஜ் மார்தட்டினார்.

பழனாத்தாள் டம்ளரைக் காலி செய்துவிட்டு வாயைத் துடைத்துக்கொண்டாள்.

"இமயமலைக்கு எங்கீங்ணா போறது? அந்த லே செடி முள்ளுக்குப் பயந்துக்கிட்டு இவரு ஒரு பழம்கூடப் பறிச்சதில்லீங். கொள்ளேகால்ல இருந்து நான் பார்சல் போட்ட நெல்லிக்காய்ப் பாகைத்தானுங்க, கேரட்டும் சுக்கும் போட்டு உங்களுக்கெல்லாம் கலக்கிக் குடுத்தாராமா!"