குறை காண முடியாத விடைத்தாள்

கல்வித் தரத்தை உயர்த்துவது என்று அந்தக் கல்லூரி ஒருமனதாக முடிவு செய்தது. தரம் உயர வேண்டுமானால் மதிப்பெண் உயர வேண்டும். மதிப்பெண் உயர வேண்டுமானால் அதைக் குறைத்துக்கொண்டிருப்பவர்களை முதலில் அடக்க வேண்டும். இதில் யாருக்கும் கருத்து வேறுபாடு இல்லை. ஆகவே சுற்றறிக்கை ஒன்று வந்தது:

"இனி எந்த ஆசிரியரும் மனம் போன போக்கில் மதிப்பெண்ணைக் குறைத்தல் ஆகாது. குறைக்கும் ஒவ்வொரு மதிப்பெண்ணுக்கும், குறை எங்கே உள்ளது என்று விடைத்தாளில் சிவப்பு மையால் வட்டமிட்டுக் காட்டுதல் வேண்டும். வட்டம் இல்லையேல் குறை இல்லை. குறை இல்லையேல் முழு மதிப்பெண்."

சுற்றறிக்கையோடு ஆளுக்கொரு சிவப்புப் பேனாவும் வழங்கப்பட்டது. தற்காலிக ஆசிரியர்களுக்கு ரீஃபில் மட்டும்.

கட்டுமானத் துறையில் அப்படி ரீஃபில் வாங்கியவள் ஒருத்திதான். வருடக் கணக்காகத் தற்காலிகமாகவே இருந்ததால் அவளை எல்லோரும் தற்காலிகம் என்றே கூப்பிட்டார்கள். வாசல் காவலாளிகூட, "தற்காலிகம் மேடம், மழை வர்ற மாதிரி இருக்கு, குடை இருக்கா?" என்று அக்கறையோடுதான் கேட்பார். உத்தரம் எப்படி எடை தாங்குகிறது, எப்போது தாங்காது என்பது அவள் நடத்திய பாடம். அதைச் சொல்லும்போது மட்டும் அவள் குரல் கடைசி பெஞ்சு வரை கேட்கும். மற்ற நேரத்தில் பக்கத்தில் இருப்பவருக்கே கேட்காது.

சாயங்காலம் வீட்டுக்குள் நுழைந்ததும் மற்ற அம்மாக்கள் சாப்பிட்டாயா என்று கேட்பார்கள். அவள் அம்மா, "நிரந்தரம் ஆயிடுச்சா?" என்று கேட்பாள். ஆகவில்லை என்று தெரிந்ததும்தான் காபி கலக்கப் போவாள். இந்த வருடம் மகளிடம் ஒரு பதில் இருந்தது. நிரந்தரப் பணியிடம் ஒன்று வரப்போகிறது, யார் மேல் புகார் இல்லையோ அவருக்குத்தான் அது என்று கல்லூரி முதல்வரே சொல்லியிருந்தார். அன்று காபியில் சர்க்கரை கொஞ்சம் தூக்கலாக இருந்தது.

அந்த நேரம் பார்த்துத்தான் பருவத் தேர்வு வந்தது.

அவள் வகுப்பில் ஒரு மாணவன் இருந்தான். பிளக் பாயின்ட் இருக்கும் பெஞ்சில்தான் உட்காருவான். போனில் சார்ஜ் நிறைந்ததும் எழுந்து போய்விடுவான். அவனுக்கு சார்ஜர் என்று பெயர் விழுந்ததில் வியப்பில்லை. தேர்வில் அவன் பதிவு எண்ணை மட்டும் எழுதி, மிச்சத் தாள் முழுவதையும் காலியாகக் கொடுத்திருந்தான். தற்காலிகம் அதைப் புரட்டிப் பார்த்தாள். பின்பக்கமும் பார்த்தாள். பிறகு யாராக இருந்தாலும் செய்வதைச் செய்தாள். பூஜ்யம் போட்டாள்.

மறுநாளே சார்ஜர் தன் அப்பாவை அழைத்துக்கொண்டு வந்து புகார் கொடுத்துவிட்டான். விசாரணை கூட்ட அறையில் நடந்தது. நீள மேஜை, அதன் தலைமாட்டில் முதல்வர், பக்கத்தில் தேர்வு அதிகாரி. மேஜைக்கு நேர் மேலே உத்தரத்தில் ஒரு விரிசல் ஓடியது. அதற்கு மேல் மாடி அறையில்தான் கல்லூரியின் தரத்துக்குச் சாட்சியான கேடயங்களும் கோப்புகளும் இரும்பு அலமாரிகளில் அடுக்கி வைக்கப்பட்டிருந்தன. தரம் வருடா வருடம் கூடிக்கொண்டே வந்ததால் அலமாரிகளும் கூடிக்கொண்டே வந்தன.

"ஏம்மா, நூறு மார்க் குறைச்சிருக்கீங்க. வட்டம் எங்க?" என்றார் முதல்வர்.

"ஒண்ணுமே எழுதலையே சார். எதைச் சுத்தி வட்டம் போடுறது?"

"அதைத்தாம்மா நானும் கேக்குறேன்."

தேர்வு அதிகாரி விடைத்தாளை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். பூதக்கண்ணாடி வரவழைத்தார். ஓரங்களைத் தடவிப் பார்த்தார். முகத்தில் மெல்ல ஒரு மரியாதை படர்ந்தது.

"சார், என் சர்வீஸ்ல எத்தனையோ பேப்பர் பார்த்திருக்கேன். இப்படி ஒரு தப்புகூட இல்லாத பேப்பரை இப்பதான் பார்க்குறேன்."

அப்பாவுக்குக் கண் கலங்கிவிட்டது. "வீட்லயும் அவன் அப்படித்தான் சார். ஒரு தப்பும் பண்ண மாட்டான். எதுவுமே பண்ண மாட்டான்."

தற்காலிகம் விடவில்லை. பையனையே கேளுங்கள், விடை தெரியுமா தெரியாதா என்று தணிந்த குரலில் சொன்னாள். முதல்வர் கேட்டார். சார்ஜர் போனிலிருந்து நிமிர்ந்தான்.

"தெரியும்னு நான் சொல்லல சார். தெரியாதுன்னும் எங்கயும் எழுதல."

இதில் வட்டமிட ஏதாவது இருக்கிறதா என்று முதல்வரும் தேர்வு அதிகாரியும் யோசித்துப் பார்த்தார்கள். இல்லை. அப்படியானால் தாள் முழுவதையும் சேர்த்து வளைத்து ஒரே வட்டமாகப் போட்டுவிடலாமா என்று அவள் கேட்டாள். தாள் செவ்வகம், அதைச் சுற்றினால் செவ்வகம்தான் வரும், சுற்றறிக்கையில் செவ்வகத்துக்கு இடமில்லை என்று தேர்வு அதிகாரி வருத்தத்தோடு தெரிவித்தார். முதல்வர் குனிந்து அவள் காதருகே, "நிரந்தரத்துக்கு உங்க பேர்தான் முதல்ல இருக்கு. இந்த நேரத்துல எதுக்கும்மா புகார்?" என்றார்.

அவளுக்குக் காபியின் சர்க்கரை நினைவுக்கு வந்தது. பூஜ்யத்துக்கு முன்னால் ஒரு ஒன்றும் பின்னால் இன்னொரு பூஜ்யமும் போட்டுக் கையெழுத்திட்டாள்.

கல்லூரி வரலாற்றில் முதல் நூற்றுக்கு நூறு அதுதான். சார்ஜரின் படம் வாசலில் ஆளுயரத்துக்கு நின்றது. அதன் பிறகு எழுதுவது என்பதே பழைய காலத்துப் பழக்கம் ஆகிவிட்டது. சட்டைப் பையில் பேனா தெரிந்தால் கூட்டாளிகள் கேலி செய்தார்கள். வெற்றுத்தாள் பயிற்சி நிலையங்கள் தெருவுக்குத் தெரு முளைத்தன. கை அரித்தாலும் எழுதாமல் இருப்பது எப்படி, பதிவு எண்ணில் கோட்டை விடாமல் இருப்பது எப்படி என்று அங்கே தனித்தனிப் பிரிவுகள். காலை வகுப்புக்கு இடமே கிடைக்கவில்லை. பெற்றோர் ஒருவரையொருவர் பார்த்தால், "என் பொண்ணு நல்லாத்தான் போய்க்கிட்டிருந்தா. கடைசி நேரத்துல பதட்டத்துல ரெண்டு வரி எழுதிட்டா" என்று அங்கலாய்த்துக்கொண்டார்கள்.

திருத்தும் வேலை மிச்சமானதில் ஆசிரியர்களுக்கும் மனக்குறை இல்லை. நியாயமாகச் சொன்னால், தற்காலிகத்துக்கும் இல்லை. சாயங்காலம் பேருந்தில் உட்கார இடம் கிடைக்கும் நேரத்துக்கே கிளம்ப முடிந்தது.

ஒரே ஒருத்திதான் திருந்தவில்லை. தேர்வு அறையில் அடிக்கடி கையைத் தூக்கிக் கூடுதல் தாள் கேட்பவள் அவள். அடிஷனல் ஷீட் என்றால் கல்லூரியில் எல்லோருக்கும் தெரியும். அளவுக்கு மீறி எடை ஏற்றிய உத்தரத்துக்கு எடுத்துக்காட்டுத் தருக என்று அடுத்த தேர்வில் ஒரு கேள்வி வந்தது. மற்றவர்கள் அதைக் குறையின்றி விட்டுவைத்திருந்தார்கள். அடிஷனல் ஷீட், கூட்ட அறை உத்தரத்தையே எடுத்துக்கொண்டு, மாடியில் உள்ள கேடயம், கோப்பு, அலமாரி எல்லாவற்றின் எடையையும் கணக்கிட்டு, இன்னும் ஓர் அலமாரி ஏறினால் உத்தரம் இறங்கிவிடும் என்று எழுதியிருந்தாள்.

தற்காலிகம் கணக்கைப் போட்டுப் பார்த்தாள். மறுபடியும் போட்டுப் பார்த்தாள். கச்சிதமாகச் சரியாக இருந்தது. வெகுநாள் கழித்து ஒரு விடைத்தாளைப் படித்ததில் அவளுக்கு உடம்பு சிலிர்த்தது. தாளை எடுத்துக்கொண்டு தேர்வு அதிகாரியிடம் ஓடினாள்.

அவர் பதறிப்போனார். உத்தரத்துக்காக அல்ல. "நிறுவனத்தோட உத்தரத்தையே குறை சொல்லியிருக்கா மேடம். அவளே குறைன்னு எழுதியிருக்கா, அப்புறம் என்ன யோசனை? போடுங்க ஒரே வட்டம், நூறு மார்க்கும் போகட்டும்."

நிரந்தரப் பணியிடத்துக்கான நேர்முகத் தேர்வுக்கு நாள் குறித்திருந்தார்கள். தற்காலிகம் ரீஃபிலை விரல்களுக்கு நடுவே பிடித்து வட்டம் போட்டாள். ரீஃபில் என்பதால் வட்டம் கொஞ்சம் கோணலாக வந்தது.

அந்த வருடம் முழுக் கல்லூரியிலும் தோற்றது ஒருத்திதான். அவள் துறை வாசலில் வந்து நின்றாள்.

"கணக்கு தப்பா மேடம்?"

"கணக்கு சரிதாம்மா."

"அப்புறம்?"

"எழுதிட்டியேம்மா" என்றாள் தற்காலிகம், அவள் முகத்தைப் பார்க்காமல்.

நேர்முகத் தேர்வுக்கு வந்தவர்கள் இரண்டே பேர். தற்காலிகம் ஒருத்தி; தங்கப் பதக்கத்தோடு பட்டம் வாங்கிய கையோடு வந்திருந்த சார்ஜர் மற்றவன். நேரத்தை மிச்சப்படுத்த இருவரையும் சேர்த்தே கூட்ட அறைக்குள் அழைத்தார்கள். சொல்லும் ஒவ்வொரு சொல்லும் குறித்துக்கொள்ளப்படும், குறை இருந்தால் வட்டமிடப்படும் என்று தேர்வு அதிகாரி விதியைப் படித்தார். சார்ஜர் பிளக் பாயின்ட் பக்கமாக நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டான்.

தற்காலிகமும் தயாராகத்தான் வந்திருந்தாள். காலையில் அம்மா, "உன் படிப்பையெல்லாம் அங்க போய்க் காட்டாத. வாயைத் திறக்காம உக்காந்துட்டு வா, கண்ணு" என்று சொல்லித்தான் அனுப்பியிருந்தாள்.

"உத்தரம் ஏன் வளைகிறது?" என்று முதல்வர் கேட்டார்.

அவள் உயிரைக் கொடுத்து நடத்திய பாடம் அது. பதில் தொண்டை வரை வந்தது. விழுங்கினாள். சார்ஜருக்கு விழுங்க ஒன்றும் இல்லாததால் சும்மா இருந்தான். இன்னும் சில கேள்விகள் வந்து போயின. இருவருமே சமமாகச் சிறந்து விளங்கினார்கள். யார் அதிகமாகச் சும்மா இருந்தார் என்று தேர்வு அதிகாரி குழம்பிக்கொண்டிருந்தபோது, மாடியில் எதையோ கரகரவென்று இழுக்கும் சத்தம் கேட்டது. இந்த வருடக் கேடயங்களுக்குப் புது அலமாரி வந்திருந்தது.

முதல்வரின் தேநீரில் கொஞ்சம் சுண்ணாம்பு உதிர்ந்தது. அவர் அதைச் சர்க்கரை என்று நினைத்துக் கலக்கினார்.

தற்காலிகம் அண்ணாந்து பார்த்தாள். விரிசலில் இப்போது விரல் நுழையும். சிவப்பில் தான் கோணலாகச் சுற்றிய வட்டத்துக்குள் இருந்த வரி கண் முன்னால் வந்தது. அம்மாவின் முகமும் வந்தது. இன்னொரு முறை சுண்ணாம்பு உதிர்ந்தது.

"சார், எல்லாரும் எழுந்து வெளிய போங்க. பத்து நிமிஷத்துல இந்த உத்தரம் விழுந்துடும்."

அறையில் ஒரு பெருமூச்சு எழுந்தது. சிக்கல் தீர்ந்த நிம்மதியில் தேர்வு அதிகாரி பேனா மூடியைத் திறந்தார். "பேசிட்டீங்களேம்மா" என்றார் முதல்வர், உண்மையான வருத்தத்தோடு. ஆனாலும் சொன்னது சரியா தப்பா என்று பார்த்தாக வேண்டும் என்பதால், மாடியில் இருந்தவர்களையும் இறங்கச் சொல்லிவிட்டு எல்லோரும் எதிர்த் தாழ்வாரத்துக்குப் போய்க் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். சார்ஜர் சார்ஜரை மறக்காமல் பிடுங்கிக்கொண்டு வந்தான்.

பத்து நிமிஷம் ஆயிற்று. உத்தரம் நின்றது. தேர்வு அதிகாரி 'பத்து' என்ற சொல்லைச் சுற்றி அழகாக ஒரு வட்டம் போட்டார். அந்த மை காய்ந்த பிறகுதான் கூட்ட அறை, தரச் சான்றுகள் அத்தனையோடும் தடதடவென்று உள்ளே உட்கார்ந்தது.

புழுதி அடங்கியதும் முதல்வர் அவள் கையைப் பிடித்துக்கொண்டார். "எங்க உயிரையெல்லாம் காப்பாத்தினீங்க. சாகுற வரைக்கும் மறக்க மாட்டோம். ஆனா நேரம் தப்பாப் போச்சே."

சார்ஜர் நிரந்தரமானான். வீட்டில் அம்மா எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுக்கொண்டு, "கால் மணி நேரம்னு சொல்லித் தொலைச்சிருக்கக் கூடாதா?" என்றாள். அன்று காபி கலக்கவே இல்லை.

புதிய கட்டடத்துக்கு வரைபடம் தயாரிக்கும் பொறுப்பு இயல்பாகவே நிரந்தர ஆசிரியரான சார்ஜரிடம் போனது. அவன் கொடுத்த வரைபடத்தைத் தேர்வு அதிகாரி வெளிச்சத்தில் பிடித்தும் பூதக்கண்ணாடி வைத்தும் ஆராய்ந்தார். ஒரு கோடுகூடத் தவறாக இல்லை. அதன்படியே கட்டி முடித்தார்கள். அதிக நாள் பிடிக்கவில்லை.

திறப்பு விழாவன்று பழைய இடிபாட்டை அகற்றிய மைதானத்தில் இரண்டு கம்பங்களுக்கு நடுவே நாடா கட்டியிருந்தது. முதல்வர் அதை வெட்டினார். இவ்வளவு பெரிய கட்டடத்தில் எங்காவது ஒரு விரிசல் உண்டா, காட்டுங்கள் பார்ப்போம் என்று கேட்டார். பெற்றோர் நாலாபுறமும் பார்த்துவிட்டுப் பலமாகக் கைதட்டினார்கள். வெயில் சுளீரென்று அடித்தது. காற்றோட்டம் நன்றாக இருக்கிறது என்று சிலர் பாராட்டினார்கள். தற்காலிகமும் கைதட்டினாள். அவளுக்கு இன்னும் ஒரு வருடம் நீட்டிப்புக் கொடுத்திருந்தார்கள்.

அதே வகுப்பில் திரும்பவும் படிக்க வந்திருந்த அடிஷனல் ஷீட், கூட்டத்தை விலக்கிக்கொண்டு அவளிடம் வந்தாள்.

"மேடம், நம்ம க்ளாஸ் எங்க?"

தற்காலிகம் திரும்பிப் பார்த்தாள். இரண்டடி தள்ளித் தேர்வு அதிகாரி சிவப்புப் பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றார். அவள் வெட்ட வெளியில் கையை உயர்த்திக் காட்டினாள்.

"மூணாவது மாடி."

அந்தப் பெண் விரல் காட்டிய திசையில் வெகுநேரம் அண்ணாந்து பார்த்தாள். கணக்குப் போடுகிறாள் என்று தற்காலிகம் பயந்தாள். ஆனால் அந்தப் பெண் தன் கையிலிருந்த பேனாவை மூடிப் பைக்குள் போட்டுக்கொண்டாள்.

"லிஃப்ட் இருக்கா மேடம்?" என்றாள்.