பாதித் தோட்டத்துப் பேரம்

"எவனோ என் தண்ணியைத் திருடுறான். யாருன்னு தெரியட்டும், அப்புறம் இருக்கு."

கறார் இப்படிக் கத்தாத காலை இல்லை. அது அவருக்குச் சந்தை வியாபாரிகள் வைத்த பெயர். பத்து இடத்தில் ஏமாந்து, பதினோராவது இடத்தில் பேரம் கற்றவர்.

தோட்டம் ஒன்றுதான், பாதி அவருக்கு, பாதி மனைவிக்கு. கிணற்றை ஒட்டிய பாதியை அவர் சண்டை போட்டு எடுத்துக்கொள்ள, சரளைப் பாதி அவள் தலையில் விழுந்தது. மழை ஏமாற்றி, கிணறு அடிமட்டத்துக்குப் போன இந்தக் கோடையில், தினமும் தண்ணீர் குடித்த அவருடைய மிளகாய்ச் செடிகள் தலையைத் தொங்கப் போட்டன. வாரம் ஒருமுறை குடித்த அவளுடைய கத்தரி மினுமினுத்தது. எவனோ மடையைத் திருப்பிவிடுகிறான் என்றுதானே அர்த்தம்?

நட்டநடு மதியம் மோட்டார் கொட்டகைக்குள் ஒளிந்து காவல் காத்தார். வந்தது மனைவி. கையில் மண்வெட்டிகூட இல்லை. கொளுத்துவதற்கென்று அவர் குவித்திருந்த காய்ந்த சோளத்தட்டையை அள்ளிப் போய்ச் செடிகளின் காலடியில் பரப்பினாள்.

பாய்ந்து வந்தார். "குப்பையைக் கொட்டி எதை மறைக்கிற?"

"கையை உள்ளே விட்டுப் பாருங்க."

விட்டார். மேலே சருகு சுட்டது. கீழே மண் ஜில்லென்று, பிசைந்த மாவு மாதிரி. ஒரு மண்புழு விரலோரம் நெளிந்தது. வருஷா வருஷம் மூடி மக்கவைத்த மண்ணாம். வெயில் குடிக்கிற தண்ணியைச் செடி குடிக்கிறதாம். அவள் சொன்னதில் பாதிதான் அவர் காதில் ஏறியது. இந்த மண் நம் கைக்கு வந்தாக வேண்டும் என்று மனசு துடித்துக்கொண்டிருந்தது.

பாதிகளை மாற்றிக்கொள்ளலாமா என்றார். அவள் தட்டையை உதறிவிட்டு நடையைக் கட்டினாள். வேண்டாம் என்று நடப்பவர் பக்கம்தான் விலை ஏறும் என்பது அவருக்குத் தெரியாததா? ஆனால் அது அவருடைய ஆயுதம். அவள் கையிலும் இருக்கும் என்று நினைக்கவில்லை. பின்னாலேயே ஓடி, மோட்டார் தண்ணீர் பாய்ச்சுவதில் முதல் முறையைக் கொடுத்தார். எருக்குழியைக் கொடுத்தார். கடைசியில், "இனிமே இந்தத் தோட்டத்துல விழுற குப்பை கூளம் அத்தனையும் உனக்கே, போ" என்றார். அவள் நின்றாள். பேரம் படிந்தது. குப்பையைக் கொடுத்து நிலத்தை வாங்கிய சாமர்த்தியத்தைச் சாப்பாடு முடியும்வரை அவளுக்கே விளக்கினார்.

அடுத்த கோடை இன்னும் கொடுமை. புது நிலம் லட்சணமாக இருக்கட்டும் என்று அவர் துடைத்துப் பெருக்கிவைத்த மண், ஓடாய்க் காய்ந்தது. மூட ஒரு சருகு சொந்தமில்லை. கிணற்றடியிலோ, சருகு மூடிய மண்ணில், இருந்த கொஞ்சத் தண்ணீரிலேயே அவள் செடிகள் காய்த்துக் குலுங்கின. அந்த வருஷம் வீட்டில் அடுப்பு எரிந்ததும் பிள்ளைகள் படிப்பு நிற்காததும் அந்தக் காயால்தான்.

கோபம் வரப் பார்த்தது. வாசல்வரை வந்து திரும்பிவிட்டது. அவள் காய் பறிப்பதை வரப்பில் நின்று பார்த்தார்.

"நீ இல்லேன்னா இந்த வருஷம் நாம எல்லாருமே சருகுதான்," என்றார். நன்றியை அவர் அதுவரை யாருக்கும் சில்லறையாகக்கூடக் கொடுத்ததில்லை.

அவள் சிரித்தாள். இரண்டு பாதியையும் தானே பார்த்துக்கொள்வதாகவும், அவர் தட்டை சுமந்தால் போதும் என்றும் சொன்னாள். குறைத்துப் பேச வாயைத் திறந்தவர், வெடித்துக் கிடந்த மண்ணைப் பார்த்து மூடிக்கொண்டார்.

"சுமக்கறேன். எங்க கொட்டணும்னு மட்டும் சொல்லு. ஆனா அந்த மண்ணை நீதான் சரி பண்ணிக் குடுத்தாகணும்."