பள்ளிக்கூட ரேடியோவில் நான் செத்த விதம்

கிள்ளான்,
சனிக்கிழமை

அன்பு மிகுந்த ரமணி அக்காவுக்கு,

தம்பி மதியழகன் வணக்கத்துடன் எழுதுவது. ஜெஞ்சாரோமில் நீயும் அத்தானும் சுகமாக இருக்க மாரியம்மனை வேண்டுகிறேன். இங்கே எல்லாரும் சுகம். முக்கியமாக நான் சுகம். மூச்சு விடுகிறேன், மூன்று வேளையும் சாப்பிடுகிறேன். குடும்ப வாட்சாப்பில் வந்த செய்தியை நம்ப வேண்டாம். இதை அதிலேயே எழுதியிருப்பேன், ஆனால் உன் மருமகள் விஷ்ணுப்ரியா படித்துவிடுவாள். அதனால்தான் தபால்.

அவள் நாலாம் படிவம் வந்ததும் பள்ளியில் மாணவர்களே நடத்தும் ரேடியோவில் சேர்ந்தாள் அல்லவா? ஓய்வு நேரத்தில் இருபது நிமிடம், பள்ளி முழுக்க ஒலிபெருக்கியில் பாட்டும் பேச்சும். இவள்தான் தலைவி. வீட்டில் எதைக் கேட்டாலும் 'ம்' என்பதற்கு மேல் பதில் வராது, அங்கே போய் என்னத்தைப் பேசுகிறாளோ என்று நான் யோசித்ததுண்டு. புதன்கிழமை எனக்கு ஐம்பது வயது. அப்பாவுக்கு ஒரு பாட்டுப் போடலாமென்று பிள்ளைக்கு ஆசை. ஆனால் அன்றைக்கு இவளுக்கு ஷா ஆலமில் பேச்சுப் போட்டி. அதனால் முதல் நாளே, 'விஷ்ணுப்ரியாவின் அப்பா, மதி' என்று மலாயில் ஒரு சீட்டு எழுதி, அய்னா என்ற மலாய்த் தோழியிடம் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறாள். அந்தப் பெண் மைக் முன்னால் உட்கார்ந்து, 'விஷ்ணுப்ரியாவின் அப்பா மாத்தி' என்று வாசித்துவிட்டது. மாத்தி என்றால் உனக்கு நான் சொல்ல வேண்டுமா? லோரி எஞ்சின் நின்றாலும் மாத்தி, ஆள் செத்தாலும் மாத்தி. அடுத்து வந்த பாட்டாவது குத்துப்பாட்டாக இருக்கக் கூடாதா? எனக்குப் பிடித்த பழைய சோகப்பாட்டாம்! எழுநூறு பிள்ளைகளும் கையில் பிடித்த நாசி லெமாக் சோற்றுப் பொட்டலத்தோடு எழுந்து நின்றுவிட்டார்கள். இவள் பள்ளியில் இல்லாததும் செய்திக்குச் சாட்சியாகிப் போனது.

நானோ போர்ட் கிள்ளானில் ஷிப்டு முடித்து வந்து, ஹாலில் பாய் விரித்து, கொசுவுக்குப் பயந்து தலையோடு கால் வெள்ளைப் போர்வை மூடித் தூங்குகிறேன். என் வீட்டுக்காரி சீதாலெட்சுமி பிறந்தநாள் பிரியாணிக்கு இரண்டு கிலோ வெங்காயம் அரிந்துகொண்டிருந்தாள். கதவு தட்டிய சத்தம் கேட்டு, கண்ணீர் கொட்டக் கொட்டப் போய்த் திறந்திருக்கிறாள். வெளியே கவுன்சலிங் டீச்சர், பின்னால் பூவோடு நாலு மாணவிகள். டீச்சர் இவளைக் கட்டிப் பிடித்து "சபார், சபார்" என்று ஆறுதல் சொல்ல, இவள், "பரவால்ல டீச்சர், வெங்காயம் கொஞ்சம் காரம்லா" என்றிருக்கிறாள். டீச்சர் உள்ளே பார்த்து, வெள்ளைப் போர்வையைக் கண்டு விம்ம, சத்தத்தில் நான் போர்வையை உதறி எழுந்து, "யாருலா அது?" என்றேன். பூ வைத்திருந்த பெண் பூவோடு சாக்கடையில். டீச்சருக்கு மைலோ கலக்கிக் கொடுத்துத்தான் பேச்சு வந்தது. அதற்குள் வாட்சாப்பில் செய்தி பரவி, லோகன் மாமா பந்தலுக்கே சொல்லிவிட்டார்.

பள்ளி முதல்வர் ரேடியோ அறைக்குப் பூட்டுப் போட்டுவிட்டார். திங்கட்கிழமை விசாரணை. நிலையம் இருக்குமா, போகுமா என்பது நான் சொல்வதைப் பொறுத்ததாம். மூடுங்கள் என்றுதான் சொல்லப் போகிறேன். அடுத்த வருஷம் எஸ்.பி.எம். பரீட்சை, இந்தக் கூத்தெல்லாம் எதற்கு? உன் மருமகள் இரண்டு நாளாக அறையை விட்டு வரவில்லை. அழுகிறாளா, கோபமா என்றுகூடத் தெரியவில்லை, அதுதான் மனதைக் குடைகிறது. அத்தை சொன்னால் கேட்பாள். ரேடியோவை மறந்துவிட்டுப் படிக்கச் சொல்லி நீ ஒரு போன் போடு. என் முடிவில் மாற்றமில்லை.

அத்தானுக்கு என் வணக்கம். பிள்ளைகள் நீண்ட ஆயுளோடு இருக்கட்டும், என்னைப் போலவே.

உயிரோடிருக்கும் தம்பி,
மதியழகன்

பி.கு.: போன் போடாதே. கடிதத்தைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டே விசாரணைக்குப் போய்விட்டேன். முதல்வர் பழைய ஒலிப்பதிவுகளைப் போட்டுக் காட்டினார். மூன்று மொழியில் ஒரு பெண் அப்படிச் சிரித்துச் சிரித்துப் பேசுகிறது. யார் சார் இந்தப் பிள்ளை என்று கேட்டேன். "உங்க மகதான்" என்றார். மூடாதீங்க சார் என்று கையெடுத்துக் கும்பிட்டேன். அப்படியானால் உயிரோடிருப்பதை நீங்களே மைக்கில் சொல்லுங்கள் என்று உட்கார வைத்துவிட்டார். "சாயா மதி, பெலும் மாத்தி" என்றேன். நான் மதி, இன்னும் சாகவில்லை! பள்ளிக்கூடமே அதிர்ந்தது. வாரா வாரம் வந்து பேசச் சொல்லியிருக்கிறார்கள். ஆனால் அன்றைக்கே பக்கத்தில் நின்ற உன் மருமகள் நாலாவது நிமிடமே மைக்கை அடைத்து, "அப்பா, டைம் முடிஞ்சிருச்சு, கிளம்புங்க லா" என்றுவிட்டாள். மூன்று நிமிடத்தில் ஒரு மனுஷன் என்னத்தைப் பேசுவது? நீ கொஞ்சம் எடுத்துச் சொல்லி அதை ஐந்தாக்கிக் கொடு.